குடைராட்டினத்தின் தலையில் வார்த்த நீர்

வாழ்க என்று எழுதத்தான் வேண்டுமா? எழுத்தாணியைக் கையில் எடுத்ததும் அல்லிநங்கையின் மனத்தில் முதலில் எழுந்தது இந்தக் கேள்விதான். வாய்விட்டு எவரிடமும் அதைக் கேட்டிருக்க மாட்டாள். ஆயினும் மனத்தில் ஒன்றை ஒளித்துவைத்துக்கொண்டு எழுதும் ஓலை பாதி பொய்யாகிவிடும் என்பதால், அதையும் எழுதிவிட்டு முறைப்படி தொடங்குகிறாள்.

வாழ்க. வெண்குன்ற நாட்டின் ஏழு கோட்டங்களும் வாழ்க. குன்றின் மேல் பறக்கும் கொடியும் குன்றின் கீழ் நிறையும் ஏரியும் குறைவின்றி வாழ்க. மணிமுடி தாங்கிய மன்னர் கொற்றவேளின் வலக்கையாய் நின்று, நாட்டின் கல்விச்சாலைகளுக்கெல்லாம் காவலராய் விளங்கும் பேரமைச்சர் இளங்கீரனாரின் திருமுன், முகிலூர்க் கல்விச்சாலைத் தலைவி அல்லிநங்கை தலை வணங்கி விடுத்த ஓலை. ஓலையில் ‘நான்’ என்று எழுதும் உரிமை இந்நாட்டில் மன்னருக்கு மட்டுமே உண்டு. ஆதலால் இவளும் தன்னைப் பெயர் சொல்லியே எழுதுகிறாள்.

தங்கள் தூதர் கொண்டுவந்த இரண்டு ஓலைகளும் வந்து சேர்ந்தன. ஒன்று தங்கள் கட்டளை. மற்றொன்று, அல்லிநங்கையே சொல்வதாகத் தங்கள் எழுத்தர்கள் எழுதிய ஏற்போலை. பெற்றோர் குழாம் அளித்த குடைராட்டினத்தைத் தை மாதத்து நிறைமதி நாளில் வலக்கையில் நீர் ஏற்றுப் பெற்றுக்கொண்டதாகவும், அன்றுமுதல் அதைக் காக்கும் பொறுப்பு தன்னுடையதே என்றும் அவள் ஒப்புக்கொள்வதாக அதில் எழுதியிருக்கிறது. அடியில் முத்திரைக்கு இடம் விட்டிருக்கிறது. முத்திரை இட்டால் ஒரு கண்டனத்தோடு விட்டுவிடுவதாகவும், இடாவிட்டால் பதினொரு ஆண்டுகளாக அவள் வகிக்கும் தலைமையைப் பறிப்பதாகவும் கட்டளை சொல்கிறது. இவ்வளவு தெளிவாக எழுதியதற்கு அவள் நன்றி கூறுகிறாள். அச்சுறுத்தலை அன்பு போல எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள்.

நிறைமதி நாளில் தாங்கள் முகிலூரில் இல்லை. இருந்தவர்கள் தங்களிடம் வேறு விதமாகச் சொல்லியிருக்கிறார்கள். ஆகவே நடந்ததை, பேசியவர் பேசிய சொல்லிலேயே எழுதுகிறாள்.

கொடை பெறுகிறவர் வலக்கையை நீட்டி, இதைக் காப்பவர் யார் என்று கேட்பதும், கொடுக்கிறவர் அதற்கு விடை சொல்லிக் கையில் நீர் வார்ப்பதும் நம் நாட்டு வழக்கம். விளக்குக் கொடுத்தவர் எண்ணெய்க்கு வழி சொல்வார். கிணறு கொடுத்தவர் தூர் வாருகிறவரைச் சொல்வார். விடை சொல்லாத கொடை கொடையாகாது. இதைத் தங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. தங்கள் எழுத்தர்களுக்கு வேண்டியிருக்கலாம்.

பட்டு வணிகர் சாத்தன்மாறன் தலைமையில் எட்டுக் குடும்பங்கள் சேர்ந்து செய்வித்தது அந்தக் குடைராட்டினம். நடுவே ஒரு தூண். மேலே குடை போல விரிந்த மரச்சட்டம். அதிலிருந்து கயிற்றில் தொங்கும் எட்டு மரக்குதிரைகள். ஒவ்வொரு குதிரையின் வயிற்றிலும் ஒரு குடும்பத்தின் பெயர் பொறித்திருந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. அல்லிநங்கை கையை நீட்டி, கயிறுகளை யார் மாற்றுவார்கள் என்று கேட்டாள்.

சாத்தன்மாறன் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். “இது மரக்குதிரைங்க அம்மணி. கொள்ளு கேக்காது, தண்ணி கேக்காது. இதைப் போய் யாரு காக்கணுங்கறீங்க?”

“கயிறு கேட்கும்” என்றாள் இவள்.

கூட்டத்தில் யாரோ இரண்டு பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு இவள் பக்கம் விழுந்ததைச் சாத்தன்மாறனால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. “கை நீட்டி வாங்கறவங்களுக்கு இவ்வளவு கேள்வி ஆகாது. நான் மரத்துக்கே வார்த்துடறேன். அது வாயைத் திறக்காது பாருங்க” என்று சொல்லி, ஏணியில் ஏறி, கிண்டி நீர் முழுவதையும் ராட்டினத்தின் தலையில் கவிழ்த்தார். பறை முழங்கியது. குழந்தைகள் குதிரைகளை நோக்கி ஓடினார்கள்.

இவள் கை நீட்டியபடியே இருந்தது. ஒரு துளிகூட அதில் விழவில்லை. அந்தக் கையை எப்போது இறக்கினாள் என்பது அவளுக்கு இன்றும் நினைவில்லை. இறக்குவதை எல்லோரும் பார்த்தார்கள் என்பது மட்டும் நினைவிருக்கிறது.

இனி எழுதப்போவதைத் தங்களிடம் எவரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஏனெனில் எவருக்கும் தெரியாது.

அன்றுமுதல் அல்லிநங்கை முற்றத்தின் அந்த மூலைக்குப் போகவில்லை. அங்கிருந்து வரும் குழந்தைகளின் கூச்சல்கூட அவளுக்குக் கசந்தது. ஆடிக் காற்று அடங்கிய ஒரு காலையில் வேறு வழியின்றி அப்பக்கம் நடந்தபோது, மூன்றாம் குதிரையின் கயிற்றில் ஒரு புரி அறுந்து தொங்குவதைக் கண்டாள். நின்றாள். இது என்னுடையது அன்று என்று நினைத்தாள். நடந்துவிட்டாள்.

அதோடு நின்றிருந்தால் அதைக் கவனக்குறைவு என்று எழுதிவிடலாம். அவள் மனத்தில் ஒரு சின்ன மகிழ்ச்சியும் இருந்தது. அறுந்து விழட்டும், அப்போது தெரியும் அவர்களுக்கு என்ற மகிழ்ச்சி. விழும் குதிரையின் மேல் ஒரு குழந்தை இருக்கும் என்பதை அந்த மகிழ்ச்சி நினைத்துப் பார்க்கவில்லை. எட்டு நாள் அதை மனத்துக்குள் வைத்திருந்தாள். எட்டாம் நாள் உப்பு விற்கும் வள்ளையின் மகள் தத்தை, எட்டு வயதுக் குழந்தை, அந்தக் குதிரையோடு விழுந்தாள். வலக்கை முழங்கையில் முறிந்தது. கை கூடினாலும் இனி முழுதாக நீளாது என்கிறார் வைத்தியர்.

அன்று மாலையே அல்லிநங்கை ஏணி வைத்து ஏறி, மற்ற ஏழு கயிறுகளையும் தன் கையால் அறுத்துக் குதிரைகளை இறக்கினாள். யாருடைய பொருள் என்று அப்போது அவள் யோசிக்கவில்லை. அப்படி யோசிக்காமல் இருப்பது எவ்வளவு எளிது என்பது எட்டு நாள் தாமதமாகத் தெரிந்தது.

மறுநாள் பெற்றோர் குழாம் முற்றத்தில் கூடியது. “பள்ளிக்கூடத்துக்குள்ள நிக்கிற சாமான் பள்ளிக்கூடத்துச் சாமான். குடுத்ததோட எங்க வேலை முடிஞ்சுபோச்சு” என்றார் சாத்தன்மாறன். “நல்லது செய்யப் போயி நாங்க ஏன் ஏச்சு வாங்கணும்? இனிமே இங்க ஒரு துரும்பு தரமாட்டோம்” என்றார் அவர் மனைவி. அல்லிநங்கையும் சளைக்கவில்லை. தன் கையில் நீர் விழவில்லை என்பதை மூன்று முறை உரக்கச் சொன்னாள்.

ஓரமாக நின்றிருந்த வள்ளை அப்போதுதான் பேசினாள். “குதிரை யாரோடதுன்னு நீங்க இருந்து பேசுங்க. ஒடிஞ்ச கை எம்மவளோடது. அதுல யாருக்கும் சந்தேகமில்லையே?” சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அவள் இவளைப் பார்த்துச் சொன்னாளா அவர்களைப் பார்த்துச் சொன்னாளா என்று அல்லிநங்கை பல நாள் யோசித்தாள். யோசிக்க வேண்டியதே இல்லை.

தங்கள் தூதர் வருவதற்கு முதல் நாள், பெற்றோர் குழாம் அனுப்பிய தச்சர் ஒருவர் வந்து, இறக்கி வைத்திருந்த எட்டுக் குதிரைகளின் வயிற்றிலும் பெயர்களைச் சீவி எடுத்துவிட்டுப் போனார். பழைய வண்ணத்தின் நடுவே வெள்ளை மரம் இப்போது பளிச்சென்று தெரிகிறது. தாங்கள் வந்தால் பார்க்கலாம். பெயர்கள் இருந்த இடத்தை அவர்கள் காலி செய்த மறுநாளே, இவள் பெயருக்கு இடம் விட்ட ஓலை தங்களிடமிருந்து வந்தது. இரண்டும் தற்செயலாக நேர்ந்தவை என்றே இவள் நம்ப விரும்புகிறாள்.

கேள்வி கேட்டால் கொடையாளர் மனம் கோணும் என்றும், நாட்டிலுள்ள கல்விச்சாலைகள் அவர்களை நம்பியே இருக்கின்றன என்றும் கட்டளையில் எழுதியிருக்கிறீர்கள். உண்மைதான். அவர்கள் மனம் கோணாமல் இருக்கத்தான் மூன்றாம் கயிற்றின் புரி எட்டு நாள் அறுந்து தொங்கியதா என்று கேட்க இவளுக்குத் தகுதியில்லை. அந்த எட்டு நாள் இவளுடையவை. அதற்கு என்ன தண்டனை விதித்தாலும், பதவி பறிப்பதே ஆயினும், எதிர்த்து ஒரு சொல் சொல்லாமல் ஏற்பாள். செய்த குற்றத்துக்குத் தண்டனை கேட்கிறவளிடம், செய்யாத ஒன்றை எழுதித் தந்து பதவியைக் கொடுக்க முன்வந்திருக்கிறீர்கள். அதை மட்டும் அவளால் வாங்கிக்கொள்ள முடியவில்லை.

தலைவியாக இருந்து இவள் இடும் கடைசிக் கட்டளை இது: காப்பவர் பெயர் சொல்லாத எந்தப் பொருளும் இக்கல்விச்சாலையின் வாயிலைக் கடக்கலாகாது. இதை வாயிற்காவலர்க்குச் சொல்லியாயிற்று. இவளுக்குப் பின் வரும் தலைவி விரும்பினால் மாற்றிக்கொள்ளட்டும்.

ஆவணித் திங்கள், தேய்பிறை ஐந்தாம் நாள், முகிலூரிலிருந்து அல்லிநங்கை தன் கைப்பட எழுதியது. குன்றும் ஏரியும் உள்ளளவும் மன்னர் செங்கோல் நிலைக்க. எட்டு நாளையும் எழுதிய இந்த ஓலையின் அடியில் கல்விச்சாலையின் முத்திரை இட்டிருக்கிறது. தாங்கள் அனுப்பிய ஏற்போலையும் இதனோடு சேர்ந்து திரும்பி வருகிறது. அதன் அடியில் தாங்கள் விட்ட இடம் விட்டபடியே இருக்கிறது.