சதுரத் தட்டின் நான்கு மூலைகள்

அக்டோபர் 13, சனி

காலை பிரஷர் 150 – 90.

டாக்டர் இந்த நோட்டைக் கொடுத்தது எண்களை மட்டும் எழுதத்தான். ஆனால் எண்ணுக்குப் பக்கத்தில் இவ்வளவு இடம் சும்மா கிடக்கிறது. நான் பள்ளிக்கூட வாசலை மிதித்தவன் இல்லை. பட்டாளத்தில் இருபத்தோரு வயதில், எழுத்துத் தெரியாத பன்னிரண்டு பேரைக் கொட்டகையில் உட்காரவைத்து ஒரு சார்ஜெண்ட் கற்றுக்கொடுத்த எழுத்து இது. பிழை இருந்தால் டாக்டர் பொறுத்துக்கொள்ளட்டும்.

விஷயம் இதுதான். இன்று என் மனைவி எவந்தியா சீஸ் பீத்தா சுட்டாள். கீழே நான்கு மாவுத்தாள், மேலே நான்கு, நடுவில் சீஸும் முட்டையும். சதுரத் தட்டு. சதுரத் தட்டுக்கு மூலை நான்கு. மூலைத்துண்டு இரண்டு பக்கமும் நெருப்புப் பட்டது, கடித்தால் தெருவரை சத்தம் கேட்கும். அந்தத் தட்டை 1971இல் யானினா நகரச் சந்தையில் வாங்கி, கோவேறு கழுதை முதுகில் கட்டி மலையேற்றிக் கொண்டுவந்தவன் நான். அன்றிலிருந்து முதல் மூலை எனக்கு. நாற்பத்தோரு வருடம்.

இன்று முதல் மூலை எதிர்வீட்டுத் தீமியோசுக்குப் போயிற்று. மே மாதம் அவன் மனைவி பொலிக்சேனி இறந்தாள், சரி. ஆனால் மூலையா? இரண்டாவது மூலையும் அவனுக்கே – "காலையில காப்பியோட தின்னட்டும், பாவம்." மூன்றாவது பாதிரியார் வீட்டுக்கு. நான்காவதை அவளே என் முன்னால் உட்கார்ந்து நொறுக்கித் தின்றாள்.

எனக்கு நடுத்துண்டு. குழந்தைக்குக் கொடுப்பது.

அக்டோபர் 14, ஞாயிறு

160 – 90. அவனுக்கு மூலை வைத்து அனுப்பின சின்னத் தட்டு திரும்பி வந்தது. காலித்தட்டைத் திருப்புகிற வழக்கம் இங்கே யாருக்கும் இல்லை, அவனுக்கும் இல்லை. ஆறு முட்டை வைத்திருந்தான். எவந்தியா ஒன்றை உடைத்து, "மஞ்சக்கரு பாரேன், ஆரஞ்சுப் பழம் மாதிரி!" என்றாள். எனக்கு வேண்டாம் என்றேன்.

"மனுஷா, முட்டை மேல உனக்கு என்ன கோபம்?"

முட்டை மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை.

அக்டோபர் 20, சனி

மறுபடியும் இரண்டு மூலை அவனுக்கு.

அக்டோபர் 21, ஞாயிறு

160 – 100.

தட்டில் இந்த முறை ஒரு ஜாடி. சீமைமாதுளையைச் சீவிச் சர்க்கரைப் பாகில் காய்ச்சிய இனிப்பு. அவனே செய்ததாம். மனைவி இருந்தவரை வெந்நீர் வைக்கத் தெரியாதவன்! எவந்தியா ஒரு கரண்டி வாயில் போட்டுக் கண்ணை மூடினாள். கரண்டியைத் திருப்பி நக்கினாள். "என்ன கை இவனுக்கு!" என்றாள்.

கை. 1960 ஆகஸ்ட் 15, மாதா திருவிழாவில் இதே கைதான் கைக்குட்டையின் ஒரு நுனியைப் பிடித்திருந்தது. மறுநுனி எவந்தியாவின் கையில். பச்சைத் தலைத்துணி கட்டியிருந்தாள். மூன்று சுற்று ஆடினார்கள். நான் தேவாலயச் சுவரோரம் நான்கு கழுதைகளைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றேன். கிளாரினெட் வாசித்தவனுக்கு இடது கண் மாறுகண். எல்லாம் நினைவிருக்கிறது. ஒரு வாரத்தில் தீமியோசின் அம்மா இனிப்புப் பெட்டியோடு பெண் கேட்டு ஆள் அனுப்பினாள். பெட்டி திரும்பி வந்துவிட்டது. மறு வருடம் அவளுக்கும் எனக்கும் கல்யாணம்.

ஏன் திருப்பி அனுப்பினார்கள்? ஐம்பத்தொரு வருடமாக நான் கேட்கவில்லை. எனக்கு வேண்டிய பதிலாக இல்லாவிட்டால்?

அக்டோபர் 26, வெள்ளி

காப்பிக்கடைக்கார லாக்கிஸ் என் முன்னால் காப்பியை வைத்துக்கொண்டே, எல்லார் காதிலும் விழும்படி கேட்டான்: "ஸ்டெர்யோ மாமா, உங்க வீட்டுல மூலை எல்லாம் வாடகைக்கு விட்டாச்சாமே?"

சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். தீமியோசும் அங்கேதான் இருந்தான். "எவந்தியா கை மாவு மாதிரி இந்த மலை முழுக்கக் கிடையாது" என்றான். எவந்தியா என்று பெயர் சொல்லி.

காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு வந்தேன். 170 – 100.

நவம்பர் 3, சனி

எழுதத்தான் வேண்டும்.

இன்று "நான் கொண்டு போறேன்" என்றேன். எவந்தியா புருவத்தைத் தூக்கினாள், ஆனால் தட்டைக் கொடுத்தாள். என் பங்கு நடுத்துண்டைக் கைக்குட்டையில் சுற்றி முன்பே பையில் வைத்திருந்தேன். சந்தில் விறகடுக்குக்குப் பின்னால் நின்று, மூலை இரண்டையும் எடுத்துக் கோட்டுப் பையில் போட்டேன். நடுத்துண்டைத் தட்டில் வைத்தேன். மூடினேன். கொடுத்தேன். "கடவுள் உங்களுக்கு நல்லது செய்யட்டும்" என்றான். எழுபத்தேழு வயதில் திருடன்.

பிறகு ஊற்றுக்குப் போய்க் கல்லில் உட்கார்ந்து ஒரு மூலையை எடுத்தேன். கடித்தேன். முடியவில்லை.

டாக்டர், இதை நோட்டில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஆகஸ்டிலிருந்தே முடியவில்லை. கீழ்வரிசையில் இடது பக்கம் இரண்டு போய்விட்டன, வலது பக்கம் ஒன்று ஆடுகிறது. காப்பியில் ஊறவைத்து, அவள் திரும்பும் நேரம் பார்த்து விழுங்கிக்கொண்டிருந்தேன். கோவேறு கழுதையின் வாயைத் திறந்து பார்த்து வயது சொன்னவன் நான், ஒருமுறை கூடத் தப்பியதில்லை. என் வாயை யாருக்கும் காட்டவில்லை.

அப்படியானால் எனக்கு எதற்கு மூலை? தெரியாது. அவனுக்குப் போகக்கூடாது, அவ்வளவுதான்.

இரண்டும் பையிலேயே இருக்கின்றன.

நவம்பர் 5, திங்கள்

எவந்தியா என் கோட்டைத் தூசி தட்ட எடுத்தாள். பையில் எண்ணெய்க் கறை. இரண்டு மூலையையும் மேசைமேல் அடுத்தடுத்து வைத்தாள்.

"இது எலி வேலையா, மனுஷன் வேலையா?"

நான் விறகு எடுக்கிற சாக்கில் வெளியே போனேன்.

நவம்பர் 10, சனி

இன்று மாவு பிசையவில்லை. கல்யாணமான நாளிலிருந்து பிரசவத்துக்கும் சாவுக்கும் தவிர அவள் சனிக்கிழமை மாவு பிசையாமல் இருந்ததில்லை. ரொட்டியும் ஆலிவும் தின்றோம். சுவர்க்கடிகாரம் இவ்வளவு சத்தம் போடும் என்று இன்றுதான் தெரிந்தது.

180 – 100. மாத்திரை இரண்டு.

நவம்பர் 12, திங்கள்

தீமியோஸ் மதில்மேல் கையூன்றிக் கூப்பிட்டான்.

"டேய் ஸ்டெர்யோ, எவந்தியாவுக்கு உடம்பு சரியில்லையா? தட்டு வரலையே."

"நல்லாதான் இருக்கா."

"கடைசியா வந்தது பாரு, அது பஞ்சு மாதிரி. ஒரு துணுக்கு விடாம தின்னேன்." இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "அவகிட்ட சொல்லிடாதே. எனக்கு மேல்வரிசையே கிடையாது. இது கட்டின பல்லு, மூலையைக் கடிச்சா கழண்டு தட்டுல விழுது. அவ ஆசையா அனுப்புறா, வேண்டாம்னு எப்படிச் சொல்றது?"

"அப்போ மூலையெல்லாம்?"

"தண்ணியில ஊறவச்சுக் கோழிக்குப் போட்டேன். முட்டை பார்த்தியா, எப்படி நிறம்!"

என் மூலை. கோழிக்கு. வீட்டுக்குள் வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன். இதற்காகவா நான் திருடினேன்? நாளைக்கு அவளிடம் சொல்லப்போகிறேன். அவள் மூலையின் மதிப்பு அவனுக்கு இவ்வளவுதான் என்று தெரியட்டும். இந்த மாதத்தில் முதல்முறையாக நல்ல பசி எடுத்தது.

நவம்பர் 13, செவ்வாய்

சொன்னேன். ஒரு வார்த்தை விடாமல், கட்டின பல்லையும் சேர்த்து.

அவள் மாவுத்தொட்டியின் மூடிமேல் உட்கார்ந்து, தலைத்துணி நுனியால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. என்னடி சிரிக்கிறே, உன்னைத்தான் ஏமாத்தியிருக்கான் அவன்!

"அவனுமா!" என்றாள். கண்ணைத் துடைத்தாள். "ஆகஸ்டுல ஒரு பல்லு காப்பிக் கோப்பையில கெடந்துச்சே, கழுவினது யாரு? மாதா திருவிழா அன்னிக்கு மேசைக்கு அடியில நாய்க்கு மூலையைத் தள்ளினியே, நாய் உன்னைவிட நாணயமா என்னைப் பார்த்துச்சு."

என் நாக்கு தானாகப் போய் ஆடுகிற பல்லைத் தொட்டது.

"உனக்கு நடுத்துண்டு வச்சா ஏன்னு கேப்பே. பல்லுன்னு சொன்னா மானம் போகும், பத்து நாள் பட்டினி கிடப்பே. மூலையை யாருக்காச்சும் கொடுத்துத்தானே ஆகணும்? எதிர்வீட்டுல ஒருத்தன் தனியா இருந்தான். கொடுத்தேன். நீ அவன்மேல பொறாமைப்பட்டாலும் பரவாயில்ல, உன் பல்லு மேல நீ அழக்கூடாதுன்னு நினைச்சேன்."

எப்படியோ வாயில் வந்துவிட்டது. 1960ஐக் கேட்டேன். பெட்டியை ஏன் உங்கப்பா திருப்பி அனுப்பினார்?

"அப்பா அனுப்பல. நான்தான்."

"ஏன்?"

"நல்லா ஆடுறவன் வீடு தங்க மாட்டான்னு நினைச்சேன். கழுதை ஓட்டுறவன் எங்கே போனாலும் கழுதை வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்துடும்." எழுந்து மாவைத் தட்டிவிட்டாள். "தப்பாத்தான் நினைச்சேன். நாப்பத்தொன்பது வருஷம் பொலிக்சேனியை விட்டு ஒரு ராத்திரி வெளியில தங்கல அவன்."

பதில் எனக்குப் பிடித்ததா இல்லையா? இன்னும் தெரியவில்லை. பிரஷர் பார்க்க மறந்துவிட்டேன்.

நவம்பர் 17, சனி

கிறிஸ்துமஸ் நோன்பு தொடங்கிவிட்டது. சீஸ் இல்லை, பூசணி பீத்தா. அவனுக்கு இரண்டு நடுத்துண்டு, எனக்கு இரண்டு. மூலையில் ஒன்று அவளுக்கு, ஒன்று பாதிரியாருக்கு. மீதி இரண்டு நேராகக் கோழிக்கு. இப்போது அந்த முட்டையைத் தின்னலாம் என்று பார்த்தால், முட்டையும் நோன்பில் ஆகாது.

தட்டைக் கொண்டுபோனது நான்தான். விறகடுக்குக்குப் பின்னால் நிற்கவில்லை.

டிசம்பர் 6, வியாழன்

150 – 90. நிலவறையில் தேடினேன். அவள் அம்மா சீதனமாகக் கொடுத்த செம்புத் தாம்பாளம், விறகுக்கும் பழைய சேணத்துக்கும் அடியில் கிடந்தது. பச்சை பிடித்திருக்கிறது. ஈயம் பூச யானினாவுக்குப் பஸ் டிரைவரிடம் கொடுத்தனுப்பினேன். அவளிடம் சொல்லவில்லை.

டிசம்பர் 22, சனி

தாம்பாளம் வந்தது. கண்ணாடி மாதிரி. மேசைமேல் வைத்தேன். எவந்தியா கைகழுவி வந்து, விளிம்பில் விரலை ஒரு முழுச் சுற்று ஓட்டினாள்.

"இதுல மூலை இல்லையே."

"இல்லைதான்."

பிறகு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஜனவரி 1, செவ்வாய்

புத்தாண்டு பீத்தா. எட்டுத் தாள், சீஸ், தீமியோசின் முட்டை, உள்ளே அதிர்ஷ்டத்துக்கு ஒரு நாணயம். வட்டத் தாம்பாளத்தில். தீமியோஸ் சவரம் செய்துகொண்டு, வெள்ளைச் சட்டை போட்டு வந்தான். அவளைப் பார்த்து, "இந்த வருஷம் உன் கை இன்னும் நல்லாருக்கும்" என்றான். சொல்லிவிட்டுப் போகட்டும்.

வீட்டுத் தலைவன்தான் வெட்டவேண்டும். சிலுவைக்குறி போட்டு வெட்டினேன். கிறிஸ்துவுக்கு ஒன்று, மாதாவுக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று, எனக்கு, அவளுக்கு, தீமியோசுக்கு. நாணயம் மாதாவின் துண்டில் இருந்தது, நாளை தேவாலயத்துக்குப் போகும். விளிம்பைக் காப்பியில் ஊறவைத்துத் தின்றேன், எல்லாரும் பார்க்க. தீமியோஸ் பல்லைக் கழற்றிக் கைக்குட்டையில் வைத்துவிட்டுத் தின்றான். எவந்தியா மட்டும் நொறுக்கினாள். இரண்டு கிழவர்களும் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

அவன் துண்டு என்னுடையதைவிட அரை விரல் அகலம். கண்ணால் அளந்தேன், சந்தேகமே இல்லை.

கத்தி என் கையில்தான் இருந்தது.

140 – 80.