உனக்கும் எழுதப்பட்ட வசனம்

இன்று காலை மன்னார் ரவுணுக்குப் போகிற பஸ்ஸில் ஒருவர் மண்ணெண்ணெய்க் கானை என் காலடியில் வைத்துவிட்டுப் பின்னால் போய் நின்றார். மூடி இறுகவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் மூக்கைப் பொத்தினார்கள். எனக்கு உன் வேதாகமம் நினைவுக்கு வந்தது. படகு எஞ்சினுக்கு ஊற்றுகிற மண்ணெண்ணெயையும் அந்தக் கறுப்பு மட்டைப் புத்தகத்தையும் ஒரே பைக்குள் போட்டு வைத்திருந்தாய். நான் ஏசினால், "கடலுக்கு வாறதெண்டால் அதுவும் மணக்கத்தானே வேணும்" என்பாய்.

அந்தப் புத்தகம் தமிழ்நாட்டு அகதி முகாமில் ஒரு பாஸ்டர் உனக்குத் தந்தது. பழைய மொழிபெயர்ப்பு. எங்கள் கத்தோலிக்கக் கோவிலில் வாசிப்பது புதியது. யுத்தம் முடிந்து நீ ஊருக்குத் திரும்பியபோது அந்தப் புத்தகமும் ஒரு தையல் மெசினும்தான் உன்னிடம் இருந்தன. புருஷனை முகாமிலேயே காய்ச்சலுக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தாய். பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் அருகருகே இருந்தவர்கள் நாம். இருபது வருடம் கழித்து என் படலையில் நின்று, "என்ன டீச்சர், ஆளைத் தெரியுதோ" என்று கேட்டாய்.

மீள்குடியேறிய குடும்பங்களுக்குப் படகு கொடுத்தபோது உன் பெயருக்கும் ஒன்று கிடைத்தது. உன் மச்சான், புருஷனின் தம்பி, அதை ஓட்டுவான், உனக்குப் பங்கு தருவான் என்று ஊர் தானாகவே முடிவு செய்துவிட்டது. நீயோ, "நான்தான் போவன்" என்றாய். உன் அப்பாவுக்கு ஆண்பிள்ளை இல்லாததால் சிறு வயதில் உன்னைத்தான் வள்ளத்தில் ஏற்றிக்கொண்டு போனார். காற்றையும் நீரோட்டத்தையும் நீ அறிந்திருந்தாய். அதை ஒருவரும் மறுக்கவில்லை. பெண் ஏறின படகுக்கு மீன் படாது என்று மட்டும் சொன்னார்கள்.

ஒருநாள் விடியப் போய் வலை நிறைய நண்டோடு வந்தாய். மீன் படாது என்றவர்களுக்கு அதுதான் பொறுக்கவில்லை. வியாபாரி மற்றவர்களுடையதை எல்லாம் நிறுத்து முடிக்கும்வரை உன் கூடையைப் பார்க்கவே இல்லை. வெயில் ஏற நண்டு பழுதாகிப்போனது. அடுத்த நாள் உன் வலையை யாரோ அறுத்திருந்தார்கள். நீ அழுவாய் என்று நினைத்து ஓடிவந்தேன். நீயோ மீனவர் சங்கத்தைக் கூட்டச் சொல்லிக் கேட்கப் போகிறேன் என்றாய்.

கூட்டம் கோவில் மண்டபத்தில் நடந்தது. பங்குச் சாமி நடுவில், சங்கத் தலைவர் பக்கத்துக் கதிரையில். பெண்கள் என்று நீயும் நானும் மட்டும். வலையை அறுத்தவர் யார் என்பதை விட்டு, பெண் கடலுக்குப் போகலாமா என்றே எல்லாரும் பேசினார்கள். நீ பையிலிருந்து புத்தகத்தை எடுத்தாய். மண்டபம் முழுக்க மண்ணெண்ணெய் மணந்தது. "சாமி, இது பவுல் சபை முழுசுக்கும் எழுதின கடிதம். பொம்பிளையளும் இருந்து கேட்டிருப்பினம். 'புருஷராயிருங்கள்' எண்டு அவையளுக்கும் சேர்த்துத்தானே எழுதியிருக்கு?"

பின்னால் இருந்து ஒருவர், "புருசன் செத்தவள் புருசனா வரப் போறாளாம்" என்றார். மண்டபம் சிரித்தது. சாமிகூடக் குனிந்து உதட்டைக் கடித்தார்.

நீ திரும்பிப் பார்த்தாய். "ஓம் அண்ணை. அவர் இருந்திருந்தால் நீங்கள் என்னோட இப்படிக் கதைச்சிருக்க மாட்டியள்."

சிரிப்பு நின்றது. ஒரு நிமிடம், வென்றுவிட்டாய் என்று நினைத்தேன். அப்போதுதான் சாமி எங்கள் கோவில் புத்தகத்தைக் கொண்டுவரச் சொன்னார். அதே இடத்தைத் தேடி எடுத்து வாசித்தார். அதில் துணிவு என்று இருந்தது. ஆண் என்ற பேச்சே இல்லை. "பாத்தியா பிள்ளை, இது மனத்துணிவைப் பற்றினது. உனக்கு அது நிறைய இருக்கு. அதுக்குப் படகு தேவையில்லை" என்றார். அவர் கெட்ட மனிதர் இல்லை. அன்பாகத்தான் சொன்னார். படகு மச்சானின் பொறுப்புக்குப் போனது. உனக்கு மூன்றில் ஒரு பங்கு.

திரும்பி நடக்கும்போது, அந்தப் பழைய புத்தகத்தை நம்பிப் போனதுதான் பிழை, அது எங்களைக் கணக்கில் எடுக்காத மொழி, புதியது பெண்களையும் சேர்த்துச் சொல்கிறது என்று நான் விளக்கினேன். பல்கலைக்கழகத்தில் படித்தது அப்படித்தான். நீ செருப்பில் ஒட்டின மண்ணைத் தட்டிக்கொண்டே கேட்டாய்: "சேத்தினமெண்டால் பிறகேன்டி நான் கரையில நிக்கிறன்?"

பின்னாளில் மறைமாவட்ட வகுப்பொன்றில் ஒரு குருவிடம் இதைக் கேட்டேன். மூலத்தில் இருக்கிற கிரேக்கச் சொல்லுக்கு நேர்ப்பொருள் ஆண்களாக நடந்துகொள்ளுங்கள் என்பதுதானாம். துணிவுக்கே அவர்கள் வைத்திருந்த பெயர் அது. ஆக, பழையவர் சொல்லைப் பெயர்த்தார், புதியவர் பொருளைப் பெயர்த்தார். இரண்டு பேரும் நேர்மையாகத்தான் வேலை செய்திருக்கிறார்கள். எங்கள் கரையில் ஒன்றை வாசித்தவர்கள் துணிவு தங்கள் உடம்போடு பிறந்தது என்று எடுத்துக்கொண்டார்கள். மற்றதை வாசித்தவர்கள், பெண்ணுக்கும் துணிவு உண்டு, அதை அவள் வீட்டுக்குள் வைத்திருக்கலாம் என்றார்கள். எந்தப் புத்தகத்தை விரித்தாலும் படகு உன் மச்சானிடமே போய்ச் சேர்ந்தது.

உன் சொந்தப் படகு கொண்டுவந்த மீனை மணலில் விரித்துக் காயவைத்தாய், எத்தனையோ வருடம். காகம் விரட்டினாய். மார்பில் கட்டி வந்ததை எனக்குக்கூடக் கடைசியில்தான் சொன்னாய்.

சேமக்காலையில், உன் குழியை மூடுமுன், சங்கத் தலைவர் பேசினார். "ஆம்பிளை மாதிரி வாழ்ந்த பிள்ளை. ஆண்மையெண்டால் என்னவெண்டு எங்களுக்குக் காட்டிப்போட்டுப் போயிட்டுது." ஆண்கள் கண்ணைத் துடைத்தார்கள். உன் மச்சானும்தான்.

நான் கேட்டுவிட்டேன். "அப்ப ஏன் தலைவர் அவளைக் கடலுக்கு விடேல்லை?"

"டீச்சர், செத்த இடத்தில கதைக்கிற கதையோ இது" என்றார் அவர், மெத்த வருத்தத்தோடு. யாரோ ஒரு பெண் என் முழங்கையைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள்.

அந்த வசனத்துக்கு அடுத்த வரியை அன்று கூட்டத்தில் ஒருவரும் வாசிக்கவில்லை, நீயும்தான். செய்வதையெல்லாம் அன்போடு செய்யச் சொல்கிற வரி. பழையதிலும் புதியதிலும் பொருள் ஒன்றே. பூசையில் சமாதானம் சொல்லும் நேரம் தலைவர் என் பக்கம் திரும்பிக் கைகூப்புகிறார். நானும் கூப்புகிறேன். உள்ளே ஒன்றும் அசைவதில்லை.

நீ எல்லாரையும் மன்னித்துவிட்டுத்தான் போனாய் என்று ஊரில் சொல்கிறார்கள். ஆஸ்பத்திரியில் சாமி குனிந்து, எல்லாரையும் மன்னிக்கிறாயா என்று கேட்டபோது நீ கண்ணை மூடிக்கொண்டாய். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள். சாமியும் கூட வந்தவர்களும் வெளியே போனபிறகு என் கையைப் பிடித்து, "நித்திரை மாதிரிக் கிடந்தனான்டி" என்றாய். அதை இன்றுவரை நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. நீ மன்னிக்காததை உனக்காக நான் வைத்திருக்கிறேன்.