வலப்பக்கம் இழுக்கிறது

ஜூன் 3, 2024, திங்கள்

இன்று சோதித்த இருபதில் ஏழு பெட்டிகளைத் திருப்பி அனுப்பினேன். போன மாதம் வரை இருபதுக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு. எல்லாவற்றுக்கும் ஒரே நோய். சத்தத்தை நன்றாகக் குறைத்ததும் குரல் வலப்பக்கம் இழுக்கிறது.

அந்தக் குரல் என்னுடையதுதான். ஆறு வருஷத்துக்கு முன், வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒன்று முதல் இருபது வரை எண்ணிப் பதிவு செய்து வைத்தேன். இரண்டு பக்கமும் ஒரே அளவு. ஹெட்போனில் கேட்டால் நெற்றிக்கு நடுவில் நின்று எண்ண வேண்டும். விலகினால் குற்றம் வால்யூம் கண்ட்ரோலுடையது. வெளியே ஒரே திருகு, உள்ளே இரண்டு கரித் தடங்கள், இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று. நாங்கள் செய்வது ப்ரீஆம்ப், பாட்டின் சத்தத்தைக் கூட்டிக் குறைத்து அனுப்புகிற பெட்டி. அதன் விலைக்குக் கிடைக்கிற கண்ட்ரோலில் தொடக்கத்தில் இரண்டும் ஒத்துப்போகாது. ஒன்று முந்தும்.

ஒத்துப்போகிறவற்றைப் பொறுக்கி எடுக்கத்தான் ஜின்சி இருக்கிறாள். ஒவ்வொன்றையும் கால் திருப்பத்தில் நிறுத்தி, மீட்டரில் இரண்டு தடத்தையும் பார்த்து, ஒத்துப்போனதன் முதுகில் ரோஸ் நெயில் பாலிஷால் பொட்டு வைப்பாள். பொட்டு வைத்ததே இப்படி வந்தால் என்ன அர்த்தம்?

ஜூன் 5, புதன்

கல்பாத்தியிலிருந்து ஒரு கடிதம். வெங்கிடாசலம் என்று ஒருவர், ஓய்வுபெற்ற வங்கிக்காரர். காலையில் மெதுவாகப் பாட்டு வைக்கும்போது இடப்பக்கம் தூக்கலாக இருக்கிறதாம். "பாலன்ஸ் திருகு ஒன்று இருந்தால் சரி செய்துகொள்வேன். ஏன் வைக்கவில்லை?" என்று கேட்கிறார்.

ஏனென்றால் இந்த மாடலை வரைந்தபோது நான்தான் அதை எடுத்தேன். யார் சார் இந்தக் காலத்தில் பாலன்ஸ் திருகுகிறார்கள் என்றேன். முதலாளி சிவப்பிரகாஷ் சாருக்கு ஒரு செலவு மிச்சம், ஆனந்தம்.

பதில் போட்டேன்: ஸ்பீக்கர்களைச் சம தூரத்தில் வைக்கவும், பிறகும் தெரிந்தால் காதைப் பரிசோதித்துக்கொள்ளவும். கொஞ்சம் கொழுப்புதான். ஆனால் பெட்டியில் என் கையெழுத்திட்ட அட்டை இருக்கிறதே. 'ஒவ்வொரு பெட்டியும் காதால் கேட்டுச் சோதிக்கப்பட்டது — பிரதீபா.' நான் கேட்காததையா அவர் கேட்டுவிட்டார்?

ஜூன் 10, திங்கள்

பதினொன்று.

ஜின்சியைக் கூப்பிட்டுக் கேட்டேன். வண்டிப்பெரியார்க்காரி, முப்பத்தைந்து வயது, எனக்கு மூன்று வயது இளையவள். பதில் சொல்லும்போது கண்ணைத் தாழ்த்துகிற பழக்கம் இல்லை. "மூணு தடவ பாத்துத்தேன் பொட்டு வைக்கேன்க்கா. மீட்டர்ல சரியாத்தேன் இருக்கு. நீங்க வேணா அந்த ஹெட்போன மாத்திப் பாருங்களேன்."

எனக்குச் சுருக்கென்றது. "ஆடத் தெரியாதவ மேடை கோணல்ன்னாளாம்" என்றேன், எல்லாருக்கும் கேட்கும்படி. வேலையில் இருந்த மற்ற பன்னிரண்டு பேரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

ஜூன் 12, புதன்

சார் ஜின்சியை பேக்கிங்குக்கு மாற்றிவிட்டார். பொறுக்கும் மேஜையில் இனி, இதுவரை பேக்கிங்கில் இருந்த பையன் ஜிபி.

"உங்க காதுதானுங்க நம்ம கம்பெனி. நீங்க சொன்னா அதுக்கு மேல பேச்சே இல்லைங்க" என்றார். மாலை பஸ்ஸில் அதை நினைத்துக்கொண்டே வந்தேன். அவ்வளவு மகிழ்ச்சியாக இல்லை. ஏன் என்று தெரியவில்லை.

ஜூன் 14, வெள்ளி

எழுதிவிடுகிறேன். எழுதினால்தான் நிற்கும்.

காலையில் அவசரத்தில் ஹெட்போனை இடம் வலம் மாற்றிப் போட்டுக்கொண்டுவிட்டேன். ஒன்று, இரண்டு, மூன்று. வலப்பக்கம் இழுக்கிறது. திருப்ப வேண்டியதுதான் என்று சீட்டு எழுதும்போது கையில் தட்டுப்பட்டது, எல் என்ற எழுத்து வலது காதில் இருக்கிறது.

மாற்றிப் போட்டால் கோளாறும் மாற வேண்டும். பெட்டி வலப்பக்கம் இழுத்தால் எனக்கு இடப்பக்கம் கேட்க வேண்டும். கேட்கவில்லை.

வேறு ஹெட்போன் எடுத்தேன். வேறு பெட்டி. சத்தத்தைக் கூட்டி வைத்தும் பார்த்தேன். எல்லாம் வலம்தான். குறைத்து வைத்தால்தான் தெரிகிறது என்று இத்தனை நாள் நானே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். கோளாறு அங்கேதான் ஒளிந்திருக்கும் என்று அங்கே மட்டுமே தேடினேன்.

மேடை கோணல் இல்லை.

ஜூன் 15, சனி

பாலக்காட்டில் காது டாக்டரைப் பார்த்தேன். வீட்டில் வங்கிக்குப் போவதாகச் சொன்னேன். கண்ணாடிப் பெட்டிக்குள் உட்காரவைத்து ஹெட்போன் மாட்டினார்கள். சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். இடது பக்கம் வந்தபோது ரொம்ப நேரம் அழுத்தாமல் உட்கார்ந்திருந்தேன். மெஷின் ஓடவில்லை என்று நினைத்தேன். ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

வரைபடத்தை எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. இடது கோடு வலதுக்குக் கீழே. தாழ்ந்த ஸ்வரங்களில் இன்னும் கீழே. இப்படி ஒரு கண்ட்ரோல் வந்திருந்தால் இரண்டாவது முறை பார்க்காமல் கழித்திருப்பேன்.

உள்ளே ஒரு சின்ன எலும்பு இறுகிக்கொண்டு வருகிறதாம். மெல்ல மெல்லத்தான் போகும், ஆபரேஷன் செய்யலாம், பழையபடி ஆகும் என்று அடித்துச் சொல்ல முடியாது. வரைபடத்தைக் கைப்பையில் நாலாக மடித்து வைத்திருக்கிறேன்.

ஜூன் 16, ஞாயிறு

அத்தை மாங்காய் நறுக்கிக்கொண்டே ஆரம்பித்தார். "இன்னும் எத்தன நாளைக்குத்தான் கண்ணு அந்தப் பொட்டிய கேட்டுட்டு ரெண்டு பஸ் மாறிப் போவ? தோட்டத்துக் கணக்கு, ஆளுங்களுக்குச் சோறு, ஊட்டுலயே வேலை கெடக்குது." சரஸ்வதியம்மாள் கெட்டவர் இல்லை. எனக்காக இந்த வீட்டில் ஒரு இடத்தைக் காலியாகவே வைத்திருக்கிறார், அவ்வளவுதான். எனக்குக் கல்யாணமான பதினாலு வருஷமாக.

கொல்லங்கோட்டில் இவ்வளவு பெரிய வீட்டில் நான் சாத்திக்கொள்ளக்கூடிய கதவு ஒன்றுகூட இல்லை. கம்பெனியில் கேட்பறை எட்டுக்கு எட்டு. சுவரெல்லாம் கயிற்றுப் பாய். வெளியே சிவப்பு பல்பு எரிந்தால் சிவப்பிரகாஷ் சாரே கதவைத் தட்ட மாட்டார். என் வாழ்க்கையில் என்னிடம் கேட்டுவிட்டுத் திறக்க வேண்டிய ஒரே கதவு அது.

காது போனால் அந்த அறை போச்சு. அப்புறம் இருக்கவே இருக்கிறது அத்தை வைத்திருக்கிற இடம்.

ஜூன் 18, செவ்வாய்

சொல்லவில்லை.

கேட்பறைக்குள் ஒரு மீட்டரைக் கொண்டுபோய்விட்டேன். கால், அரை, முக்கால் என்று மூன்று இடத்தில் நிறுத்தி அளக்கிறேன். பார்த்தால் எல்லாம் அச்சுப் பிசகாமல் இருக்கின்றன. இருபதும் ஓகே. இருபது அட்டையிலும் கையெழுத்து. 'காதால் கேட்டு.'

ஜூன் 21, வெள்ளி

மூன்று நாளாக ஒரு பெட்டிகூடத் திரும்பவில்லை. சாருக்குத் தாங்க முடியாத சந்தோஷம். எல்லாரும் இருக்கும்போதே சொன்னார்: "பாத்தீங்களா, ஆள மாத்துனதும் எப்படி மாறிப்போச்சுன்னு? ஜிபி கையில ராசி இருக்குதுங்க."

ஜின்சி அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

இந்த மூன்று நாளும் பெட்டிகளுக்குள் போனது ஜின்சி முன்பே பொறுக்கி வைத்துவிட்டுப் போன கண்ட்ரோல்கள்தான். ஜிபி பொறுக்கியது இன்னும் தட்டை விட்டே எழவில்லை. பெட்டிகளைத் திறந்து பார்த்தேன். ஒவ்வொன்றின் முதுகிலும் ரோஸ் பொட்டு.

நான் வாயை மூடிக்கொண்டதே அவளுக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. இதை நான் நினைக்கவே இல்லை. சத்தியமாக நினைக்கவில்லை — நினைத்திருந்தால் மட்டும் சொல்லியிருப்பேனா?

ஜூன் 23, ஞாயிறு

துணி மடிக்கும்போது இன்னொன்று உறைத்தது. என் இடது காது குறைவு. அப்படியானால் எனக்கு நடுவில் கேட்பது எது? இடப்பக்கம் கொஞ்சம் முந்துகிற பெட்டி. இத்தனை நாளும் நல்லதைத் திருப்பி, கோணலாகப் பார்த்து ஓகே போட்டிருக்கிறேன்.

கல்பாத்தி வெங்கிடாசலத்துக்கு இடப்பக்கம் தூக்கலாகக் கேட்டது. அவர் காது சரிதான். சோதிக்க வேண்டியது என் காதை, அவர் காதைச் சோதிக்கச் சொல்லி எழுதியிருக்கிறேன்.

ஜூன் 26, புதன்

ஜின்சி மாதக் கடைசியோடு வேலையை விட்டு நின்றுகொள்கிறாளாம். கை கழுவும் இடத்தில் நான்தான் பேச்சுக் கொடுத்தேன். முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "அப்பா எஸ்டேட்ல சொல்லி வச்சிருக்காருக்கா. கொழுந்து நிறுக்கிற எடத்துல ஒரு வேல இருக்காம். திருட்டுப் பட்டம் கட்டுனாக்கூட பைய எடுத்துக் காட்டி இல்லைனு சொல்லலாம். வேல தெரியாதவனு பேரு வந்தா எத எடுத்துக் காட்ட?"

எனக்கு இடப்பக்கம் நின்று சொன்னாள். கடைசி வாக்கியத்தை அவள் உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன்.

ஜூன் 27, வியாழன்

சாரிடம் சொல்லிவிட்டேன். வரைபடத்தைப் பிரித்து மேஜையில் வைத்தேன். ஜின்சி பேரில் ஒரு தப்பும் இல்லை, எல்லாம் என் காது என்றேன்.

சார் வரைபடத்தைப் பார்த்தார். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"மீட்டர் வெச்சுத்தான பாக்கறீங்க? சரியாத்தான போகுது? அப்பறம் என்னங்க? இது வெளிய தெரிஞ்சா காதால கேட்ட பொட்டின்னு நாம எப்படி விக்கறதுங்க? அந்தப் புள்ள எப்படியும் போகுது. நீங்க பாட்டுக்கு லைட்டப் போட்டுட்டு உக்காந்திருங்க."

வேலை போகவில்லை. அறை போகவில்லை. சம்பளமும் அப்படியே. நான் பயந்தது எதுவும் நடக்கவில்லை. அந்த அறைக்குள் போய்ச் சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.  ஆறு வருஷத்தில் முதல் தடவையாகக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை பார்த்தேன்.

ஜூன் 28, வெள்ளி

வீட்டுக்காரரிடம் சொன்னேன். நவீன்குமாருக்கு வயல் கணக்குதான் பழக்கம். வரைபடத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். "ஏம்புள்ள, இதையா ரெண்டு வாரமா பைக்குள்ள வெச்சுட்டுத் திரிஞ்ச?" என்றார். அப்புறம், "அந்தப் புள்ளைக்கு நாளைக்குத்தான கடைசி நாளு?"

ஆமாம், நாளைக்குத்தான். அவர் எழுந்து என் வலப்பக்கம் வந்து உட்கார்ந்தார். அழுதுவிட்டேன்.

ஜூன் 29, சனி

மத்தியானச் சாப்பாட்டு நேரம். பன்னிரண்டு பேரும் டிபனைத் திறந்திருந்தார்கள். சாரும் இருந்தார். அது நல்லதுதான்.

நின்றுகொண்டே சொன்னேன். எனக்கு இடது காது மந்தம். ஜின்சி பொறுக்கியது எல்லாம் சரி. இந்த இரண்டு வாரமாக ஓகே ஆனதெல்லாம் ஜின்சி பொட்டு வைத்தவைதான், வேண்டுமானால் திறந்து பாருங்கள். மேடை கோணல் என்று அவளைச் சொன்னேன், ஆடத் தெரியாதவள் நான்தான். இதையும் எல்லாருக்கும் கேட்கும்படிதான் சொன்னேன். 

யாரும் சிரிக்கவில்லை. ஜிபி எழுந்து ஒரு பெட்டியின் மூடியைக் கழற்றினான். ரோஸ் பொட்டு. இன்னொன்றையும் கழற்றினான். சார் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு வெளியே போனார்.

ஜின்சி என்னிடம் வந்தாள். மன்னிப்பாள் என்று ஏதோ ஒரு மூலையில் எதிர்பார்த்திருக்கிறேன் போலிருக்கிறது. "பதினெட்டு நாளுக்கா" என்றாள். "எண்ணிட்டுத்தேன் இருந்தேன்." டிபனை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஜூலை 1, திங்கள்

ஜின்சி வந்திருக்கிறாள். வேலையை விட்டு நிற்கவில்லை. பன்னிரண்டு பேருக்கும் தெரிந்தது ஊருக்குத் தெரிய நேரமாகாது என்று சாருக்குப் புரிந்துவிட்டது. கேட்பறைக்கு இன்னொரு காது வேண்டும் என்று யோசித்துக்கொண்டிருக்கிறார். என்னிடம் பேசுவதில்லை. ஜிபி மூலம் சொல்லி அனுப்புகிறார்.

ஜூலை 4, வியாழன்

வெங்கிடாசலத்துக்கு எழுதினேன். மூன்று தாளைக் கிழித்தபின் நாலாவதில் நாலே வரி. பெட்டியைத் திருப்பி அனுப்புங்கள், உங்கள் காது சரி, என்னுடையதுதான் சரியில்லை, மன்னிக்கவும்.

ஜூலை 9, செவ்வாய்

அவரிடமிருந்து பதில். பெட்டியை அனுப்பவில்லை. "இடப்பக்க ஸ்பீக்கரை ஒரு முழம் தள்ளி வைத்துப் பழகிவிட்டேன். அடுத்ததிலாவது அந்தத் திருகை வையுங்கோ. எனக்கில்லாவிட்டாலும் உமக்கு வேணுமே."

சிரித்துவிட்டேன். பிறகு கொஞ்சம் வலித்தது.

ஜூலை 22, திங்கள்

புது மாடலின் முகப்புத் தகட்டில் நாலாவது ஓட்டை வரைந்துவிட்டேன், பாலன்ஸுக்கு. சார் பார்த்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை.

நான் இப்போது பொறுக்கும் மேஜையில். மூன்று இடத்தில் அளக்கிறேன். ஜின்சியிடம் நெயில் பாலிஷ் கேட்டேன். "அது என் பொட்டுக்கா, நீங்க வேற வாங்கிக்கோங்க" என்றாள். பச்சை வாங்கியிருக்கிறேன்.

அத்தையிடம் ஆபரேஷன் தேதியைச் சொன்னேன். "அதுக்கப்பறமும் போகோணுமா?" என்றார். போக வேண்டும் என்றேன். அந்த இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.

பத்தரை மணிக்குக் கேட்பறைக்கு வெளியே சிவப்பு பல்பு எரிந்தது. உள்ளே ஜின்சி. அவள் நெற்றிக்கு நடுவில் நின்று நான் ஒன்று முதல் இருபது வரை எண்ணிக்கொண்டிருப்பேன். கதவைத் தட்டாமல் வெளியே நின்றேன்.

விளக்கு அணைந்தது. ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து என் மேஜையில் வைத்தாள். "இடப்பக்கம் முந்துதுக்கா." மூடியைக் கழற்றினேன். பச்சைப் பொட்டு. மீட்டரை வைத்து நிதானமாக அளந்தேன். அவள் சொன்னது சரி. திருப்பும் சீட்டில் பொறுக்கியவர் என்ற இடத்தில் பிரதீபா என்று எழுதி அவளிடம் நீட்டினேன்.

இன்றைக்கு இருபதில் ஒன்று.