உன் தங்கையை யாரும் தூக்க வேண்டாம்

அன்புள்ள மகனுக்கு,

போன ஞாயிறு உன் குரலைக் கேட்டதிலேயே நீ நன்றாக இருக்கிறாய் என்று தெரிந்துகொண்டேன், சளி மட்டும் இன்னும் விடவில்லை போலிருக்கிறது. இங்கே நாங்கள் மூவரும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம். மனம்தான் பத்து நாளாகக் குமட்டிக்கொண்டே இருக்கிறது. போனில் சொன்னால் பாதியில் புகுந்து, விடும்மா நான் பாத்துக்கறேன் என்று முடித்துவிடுவாய், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். முழுவதும் படித்துவிட்டுப் பேசு. அப்பாவுக்குப் பட்டறையில் புது லேத் வந்திருக்கிறது, வீட்டுக்கு வந்தால் அதைப் பற்றித்தான் பேச்சு, புது மாப்பிள்ளை மாதிரி இருக்கிறார். எனக்குக் கடையில் பள்ளிச் சீருடை தைக்கும் நேரம், இடுப்பு ஒடிகிறது. உன் தங்கை கணக்கில் வகுப்பிலேயே இரண்டாவதாக வந்திருக்கிறாள். அறிவியல் ஆய்வகம் மட்டும் இன்னும் மாடியில்தான் இருக்கிறது, மற்ற பிள்ளைகள் மேலே போகும்போது இவள் கீழே நூலகத்தில் உட்கார்ந்து படம் வரைகிறாள். தலைமை ஆசிரியையிடம் மூன்றாவது முறையும் சொல்லிவிட்டு வந்தேன், தலையாட்டுவதில் அந்த அம்மாவுக்குக் குறையே இல்லை.

நீ எங்களுக்காகக் கடற்கரை ஓட்டலில் நான்கு நாளைக்கு அறை போட்டிருப்பதாகப் படம் அனுப்பினாயே, அதைப் பற்றித்தான் எழுத வேண்டும். படத்தில் நீலக் கடல், வெள்ளைக் கட்டில், ஓரத்தில் சக்கர நாற்காலி போட்ட ஒரு சின்ன அடையாளம். வருஷத்தில் ஒரே ஒரு வாரம் லீவு கிடைத்து அதையும் எங்களோடு கழிக்க நினைத்தாயே, அந்த மனசு எனக்குத் தெரியும். ஆனாலும் துணியைக் கையில் தொட்டுப் பார்க்காமல் கத்தரிக்கோல் வைக்கிற பழக்கம் எனக்கு இல்லை. போன வாரம் வாடகை வேன் வைத்துக்கொண்டு நானும் உன் தங்கையும் நேரிலேயே பார்க்கப் போனோம். வேனில் ஏறுவது இப்போது அவளுக்கு ஒரு பிரச்சினையே இல்லை, அப்பா இழைத்துக் கொடுத்த பலகையைப் போட்டு சக்கர நாற்காலியிலிருந்து இருக்கைக்குச் சறுக்கிப் போய்விடுவாள். நீ போன முறை வந்தபோது இதெல்லாம் கிடையாது.

ஓட்டல் வாசலில் ஐந்து படிகள், பளிங்குக்கல், முகம் பார்க்கலாம். மேனேஜர் ஓடி வந்து, ராம்ப் பின்பக்கம் இருக்கு மேடம், எல்லா வசதியும் இருக்கு என்றார். பின்பக்கம் போனோம். சமையலறைக் கழிவுத் தொட்டிகள் இரண்டு, மூடி இல்லாமல். அதற்கு நடுவில் ஒரு சாய்வு, எண்ணெய்ப் பிசுக்கில் பாசி பிடித்த குளத்துப்படி மாதிரி வழுக்குகிறது, ஏணி மாதிரி செங்குத்தாக வேறு. மேலே போய்ச் சேருகிற இடத்தில் கேஸ் சிலிண்டர் மூன்றைச் சங்கிலி போட்டுக் கட்டி வைத்திருக்கிறார்கள். அந்த நாற்றம் என் புடவையை விட்டுப் போக இரண்டு துவையல் ஆயிற்று. இதை யாராவது உபயோகித்திருக்கிறார்களா என்று கேட்டேன். இதுவரைக்கும் யாரும் கம்ப்ளெயின்ட் பண்ணலையே மேடம் என்றார். எப்படிப் பண்ணுவார்கள், உள்ளே வந்தால்தானே.

திரும்ப வாசலுக்கே வந்தோம். மேனேஜர் விரலைச் சொடுக்கினார். இரண்டு பேர் வந்தார்கள். நம்ம பசங்க தூக்கிடுவாங்க மேடம், பூ மாதிரி கொண்டு போய் வச்சிடுவாங்க என்றார். நான் வாய் திறப்பதற்குள் தூக்கிவிட்டார்கள். உன் தங்கையிடம் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. முன்னால் பிடித்தவன் கைப்பிடியைப் பிடித்துத் தூக்கினான், அது கழற்றுகிற மாதிரிக் கைப்பிடி, கையோடு வந்துவிட்டது. நாற்காலி சாய்ந்தது. சாய்ந்ததும் அவன் அவள் இடுப்பைச் சேர்த்துப் பிடித்தான், சட்டை மேலே ஏறிவிட்டது. பதின்மூன்று வயதுப் பெண். வரவேற்பறையில் ஆறேழு பேர் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஒருவர் போனை எடுத்துப் படம் பிடித்தார். பாப்பா நல்ல வெயிட்டு என்று அவன் மூச்சு வாங்கிச் சிரித்தான், இறக்கி வைத்துவிட்டுக் கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டான். அந்தத் துடைப்பு என் கண்ணை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. மேனேஜர் கை தட்டி, பாத்தீங்களா, நாலு நாளும் ராணி மாதிரி இருக்கலாம் என்றார்.

அறை பரவாயில்லை. பாத்ரூம் கதவு இருபத்தொரு அங்குலம், நாற்காலி இருபத்து மூன்று. கேட்டால் ஸ்பெஷல் பாத்ரூம் வரவேற்பறைப் பக்கம் தனியாக இருக்கிறதாம். அதைத் திறக்கச் சாவி தேடவே கால் மணி நேரம். உள்ளே பழைய மெத்தைகள் கூரை வரைக்கும் அடுக்கியிருந்தன, ஈரம் ஊறி ஒரு மாதிரியான புளிப்பு வாடை. சுவரில் பிடிக்கும் கம்பியில் தரை துடைக்கிற துணிகளைக் காயப் போட்டிருந்தார்கள். நான் அந்தக் கம்பியைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன், இரண்டு திருகாணியோடு என் கைக்கே வந்துவிட்டது. மேனேஜர் அதை வாங்கி ஒரு மெத்தைமேல் வைத்துவிட்டு, உன் தங்கையின் தலைக்கு மேலாக என்னைப் பார்த்து, பாப்பா சாப்பாடெல்லாம் என்ன சாப்பிடும் என்று கேட்டார். உன் தங்கை அண்ணாந்து பார்த்து, பாப்பாவுக்கு முப்பத்திரண்டு பல்லு வரலை, இருபத்தெட்டு இருக்கு, எல்லாம் மெல்லும் என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது, அந்த ஆளுக்கு வரவில்லை. அடுத்து, பாப்பா இங்கே தங்கியிருக்கிற மாதிரி ஒரு போட்டோ எடுத்துச் சுவரில் மாட்டிக்கொள்ள அனுமதித்தால் வாடகையில் குறைத்துக் கொடுப்பார்களாம். ஏற்கெனவே மாட்டியிருந்த ஒன்றைக் காட்டினார். சக்கர நாற்காலியில் ஒரு பெரியவர், மடியில் பூங்கொத்து, பக்கத்தில் இவர் பல்லைக் காட்டிக்கொண்டு. அந்தப் பெரியவர் கேமராவைப் பார்க்கவே இல்லை.

வெளியே வரும்போது அந்த இரண்டு பேரும் மறுபடி வந்து நின்றார்கள். வேண்டாம் என்றாள் உன் தங்கை. நாற்காலியை விட்டுத் தரையில் இறங்கி, கையை ஊன்றி, உட்கார்ந்தபடியே ஒவ்வொரு படியாக ஐந்து படியும் இறங்கினாள். நான் காலி நாற்காலியைத் தட்டித் தட்டி இறக்கினேன். அந்த மேனேஜருக்கு அப்போதுதான் பதற்றம் வந்தது, அவள் சாய்ந்தபோது வரவில்லை. அய்யோ என்னம்மா இது, பாக்கறவங்க ஓட்டலைப் பத்தி என்ன நினைப்பாங்க, நீங்களாவது சொல்லுங்க மேடம் என்று என் பின்னாலேயே வந்தார். வேன் கதவு சாத்தும்வரை அந்தக் குரல் கேட்டது.

இதோடு முடிந்திருந்தால் அந்த ஆளை நாலு திட்டுத் திட்டி இந்தக் கடிதத்தை முடித்திருப்பேன். பாதி வழி வந்தோம். உன் தங்கை ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள், அவங்க தூக்கினப்போ நீ மெதுவா மெதுவான்னு சொன்னம்மா, வேண்டாம்னு சொல்லலை. நான் யோசித்துப் பார்த்தேன், ஆமாம், அதைத்தான் சொன்னேன். இருபத்தாறு வருஷமாக அளவெடுக்கிறேன். கையைத் தூக்கும்மா என்று சொல்லி, அவர்களாகத் தூக்கிய பிறகுதான் டேப்பைச் சுற்றுவேன், நாலு வயதுக் குழந்தையானாலும் அப்படித்தான், என் கடைக்கு ஆள் வருவதே அதற்காகத்தான் என்று பெருமை வேறு பேசுவேன். என் பெண்ணை முன்பின் தெரியாதவன் மூட்டை மாதிரி அள்ளுகிறான், நான் பக்கத்தில் நின்று மெதுவா என்கிறேன். மூட்டைக்குத்தான் அப்படிச் சொல்வார்கள். அந்த மேனேஜர் மேல் வந்த அருவருப்பு சாயங்காலத்துக்குள் தணிந்துவிட்டது, என் மேல் வந்தது இன்னும் தணியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஒரு சொல் கூட்டவில்லை. நீங்க மூணு பேரும் போய்ட்டு வாங்க, நான் சித்தி வீட்ல இருக்கேன் என்றாள். உன் அண்ணன் உனக்காகத்தானேடி வர்றான் என்றேன். அதற்கு அவள், அண்ணன் வந்தா என்னைத் தோள்ல போட்டுக்கிட்டு கடலுக்குள்ள ஓடுவான், நிக்கறவங்க எல்லாம் கை தட்டுவாங்க, நான் சிரிக்கணும் என்றாள். நீ போனில் என்ன சொன்னாய் என்று நினைவிருக்கிறதா. படி இருந்தா என்னம்மா, தூக்கிட்டுப் போனா போச்சு, அண்ணன் எதுக்கு இருக்கேன் என்றாய். ஆறு வயதில் அவள் உன் தோளில் உட்கார்ந்து உன் முடியைப் பிடித்துக்கொண்டு கத்தினது எனக்கும் ஆசையாகத்தான் இருக்கிறது. அவளுக்கு இப்போது ஆறு வயதில்லை. நீ அன்பாகத் தூக்குகிறாய், அவன் கூலிக்குத் தூக்கினான், ஆனால் இரண்டு பேருமே கேட்கவில்லை. படிக்க உனக்குக் கசப்பாக இருக்கும், இருக்கட்டும்.

சித்தி வீட்டுப் பேச்சுக்கு அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. போனா நாலு பேரும் போறோம், இல்லைன்னா யாரும் போகலை, எங்க போறதுன்னு நீயே கண்டுபிடி என்று அவளிடம் போனைக் கொடுத்துவிட்டுப் பட்டறைக்குப் போய்விட்டார். மூன்று நாளில் பதினோரு இடத்துக்குப் பேசினாள். பாதிப்பேர், பெரியவங்க யாராவது இருந்தா குடும்மா என்றார்கள். ஒரு புண்ணியவான், மத்த கெஸ்ட்டுக்கு ஒரு மாதிரி இருக்கும், சாப்பாட்டை ரூமுக்கே அனுப்பிடறோம் என்றான். அதை அவள் எங்களுக்கு நடித்துக் காட்டினாள், அவன் குரலிலேயே. பதினோராவதாகப் பேசிய அம்மாதான் நாற்காலி அகலம் எவ்வளவு என்று கேட்டாள். பாவம் என்றோ என்ன ஆச்சு என்றோ இல்லை, பீரோ வாங்க வந்தவளிடம் கேட்கிற மாதிரி. இருபத்து மூணு அங்குலம் என்றாள் இவள். அப்ப வந்து உருட்டிப் பாரு, என் வாசல்ல ஐஸ் வண்டி போய் வந்த இடம், நாலடி இருக்கு என்றாளாம்.

ஏரிக்கரையில் முன்பு ஐஸ் கட்டி செய்த கட்டடம், இப்போது ஆறு அறை போட்டு வாடகைக்கு விடுகிறாள். சனிக்கிழமை மூவரும் போனோம். உன் படத்தில் இருந்த அழகெல்லாம் எதிர்பார்க்காதே. ஜன்னலைத் திறந்தால் படகு எஞ்சின் பழுது பார்க்கும் கொட்டகை, டீசல் வாடை, தலையணை கல் மாதிரி. ஆனால் ஐஸ் வண்டி குலுங்கக் கூடாது என்று கட்டியதால் கட்டடம் முழுக்க ஒரு நிலைப்படி கிடையாது. உன் தங்கை ஒரு அறை விடாமல் போய் வந்தாள், என் பின்னால் அல்ல, எனக்கு முன்னால். தண்ணீர் வடிவதற்காகத் தரை லேசாகச் சரிவு, நிறுத்தினால் பிரேக் போட வேண்டும், அவ்வளவுதான். பாத்ரூமில் பிடிக்கக் கம்பி இல்லை. அப்பா அவளை அங்கே மாறி உட்காரச் சொல்லி, எந்தக் கை, எந்த உயரம் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார், புது லேத்துக்கு முதல் வேலை அதுதான். அவரே தொங்கிப் பார்த்துவிட்டுத்தான் தருவாராம்.

அதற்குப் பிறகு நடந்ததற்காகத்தான் இவ்வளவு நீட்டி எழுதினேன். வண்டிப் பாதை முடிகிற இடத்திலிருந்து தண்ணீருக்கு முப்பத்தைந்து அடி மணல். நாற்காலி அதில் போகாது. நான் தண்ணிக்குப் போறேன், நீங்க ரெண்டு பேரும் இங்கயே உக்காருங்க என்றாள். இறங்கி, கையை ஊன்றிப் பின்பக்கமாக நகர ஆரம்பித்தாள். பதினேழு நிமிஷம், அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்தபடியே இருந்தார். இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினாள். எனக்கு எழுந்து ஓட வேண்டும்போலக் கால் துடித்தது, கையிரண்டையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எஞ்சின் கொட்டகையிலிருந்து ஒரு ஆள், அடப்பாவமே என்று ஓடி வந்தான், அப்பாவையும் என்னையும் பார்த்த பார்வையில் நாங்கள் பெற்றவர்களே இல்லை என்றிருந்தது. ஐஸ்காரம்மா வாசலிலிருந்தே, யோவ், அந்தப் பொண்ணு உன்னைக் கூப்பிட்டுச்சா என்று ஒரு சத்தம் போட்டாள். அவன் அப்படியே நின்றுவிட்டான். உன் தங்கை இடுப்பளவு தண்ணீரில் போய் உட்கார்ந்து, இரண்டு கையாலும் தண்ணீரை அடித்துவிட்டு, இப்ப வாங்க என்று கூப்பிட்டாள். அப்பா செருப்போடேயே ஓடினார்.

ஓட்டல் அறையை இருபதாம் தேதிக்குள் ரத்து செய்துவிடு, தள்ளிப் போடாதே. அவளுக்காக எதுவும் வாங்கி வராதே, மணலுக்கு உட்காரும் இடத்தில் இரட்டைத் துணி வைத்து நான் கால்சட்டை தைத்திருக்கிறேன், கேட்டுத்தான் அளவெடுத்தேன். இந்தக் கடிதத்துக்குப் பதில் எனக்குப் போடாதே, அவளுக்குப் போடு. ஏரிக்கு நானும் வரலாமா என்று கேட்டு எழுது. வரலாம் என்றால் வா. வந்த பிறகு அந்தப் பதினேழு நிமிஷமும் எங்களோடு மணலில் உட்கார்ந்திரு. தூக்குவதைவிட அது கஷ்டம், உட்கார்ந்து பார்த்தவள் சொல்கிறேன்.

சளிக்கு வெந்நீர் குடி. எந்த ஊரில் இருந்தாலும் நல்ல பெயரோடும் நல்ல உடம்போடும் நீ இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு முடிக்கிறேன்.

உன்னைக் குறை சொல்ல உரிமை உள்ள,
அம்மா