பாப்பாவுக்குப் பிடிக்காத பாட்டில்கள்

பிப்ரவரி 3, திங்கள்

ஒருவழியாக டிஸ்சார்ஜ். ஆபரேஷன், அப்புறம் எனக்குக் காய்ச்சல், அப்புறம் பாப்பாவுக்கு எடை போதவில்லை என்று கண்ணாடிப் பெட்டி. ரெண்டு வாரம் ஆஸ்பத்திரி வாடையிலேயே போய்விட்டது. இதில் எனக்கு வந்த பாலும் வற்றிவிட்டது. பவுடர் பால்தான் கொடுக்க வேண்டுமாம்.

வரும் வழியில் தருமபுரி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஆட்டோவை நிறுத்தி, பால் பாட்டில் வாங்க நவநீதன் இறங்கினார். இறங்கினார், இறங்கினார், ஆள் வரவே இல்லை. பாட்டில் என்றால் பாட்டில்தானே? கடைக்காரர் பத்து தினுசு எடுத்து வைத்தாராம். குறுகின வாய், அகல வாய், கண்ணாடி, ஸ்டீல், வயிற்றில் காற்று போகாமல் இருக்க உள்ளே குழாய் வைத்தது. ஒவ்வொன்றாக ஆட்டோவுக்குத் தூக்கிக்கொண்டு வந்து, "ராணி, இது பாரேன்" என்கிறார். கல்யாணப் பட்டு எடுக்கும்போதுகூட இந்த மனுஷன் இவ்வளவு யோசிக்கவில்லை. கடைசியில் சாதாரண பிளாஸ்டிக் பாட்டில் ஒன்று.

டாக்டரம்மா சொல்லி அனுப்பியது: பாட்டிலைக் கொதிக்க வைக்க வேண்டும். சர்க்கரைத் தண்ணி, கண்மை, வசம்பு என்று எதையும் குழந்தை பக்கம் கொண்டு போகக் கூடாது. நவநீதன் பள்ளிக்கூடப் பையன் மாதிரி தலையாட்டினார்.

பிப்ரவரி 4, செவ்வாய்

குடித்தாள்! முழுசாகக் குடித்துவிட்டு ஏப்பமும் விட்டாள்.

பாட்டில் கழுவுவது, கொதிக்க வைப்பது எல்லாம் தன் டிபார்ட்மென்ட் என்று சொல்லிவிட்டார். செல்போன் கடையை மதியமே சாத்திவிட்டு வந்து அடுப்படியில் நிற்கிறார். அம்மா இருந்திருந்தால் மருமகனை அடுப்படியில் விட்டிருப்பாளா? அவள் போய் நாலு வருஷம். அதனால்தான் பிரசவத்துக்குப் பிறந்த வீடு போகாமல் இங்கேயே இருந்துவிட்டேன்.

பிப்ரவரி 6, வியாழன்

பக்கத்து வீட்டுப் பாஞ்சாலி அக்கா பார்க்க வந்தார். அந்த நேரம் பார்த்து பாப்பா குடித்துக்கொண்டிருந்தாள். "அடேயப்பா! எலிக்குஞ்சாட்டம் இருந்துக்கினு இம்மாம் பாலக் குடிக்குதே! கண்ணு முன்னாடியே எறங்குது பாரேன்" என்று ஒரே ஆச்சரியம். நல்ல மனசுக்காரி. மனசில் ஒன்றும் வைத்துக்கொண்டு சொல்லவில்லை.

அக்கா போனதும் நவநீதன் முகம் சரியில்லை. "இனிமே ஆளுங்க முன்னாடி குடுக்காத ராணி. பாட்டில்ல எவ்ளோ கீதுன்னு எல்லாருக்கும் தெரியுது."

எனக்குத் தெரியும் அவர் மனசில் என்ன ஓடுகிறது என்று. போன தடவை வளைகாப்பு முடிந்து ஒரே வாரத்தில் பிள்ளை வயிற்றிலேயே போய்விட்டது. யாரோ வைத்த கண் என்று இன்னும் நம்புகிறார். இந்த முறை வளைகாப்பே வேண்டாம் என்றுவிட்டார். நான் கணக்கு டீச்சர், இதையெல்லாம் நம்புகிற ஆள் இல்லை. ஆனாலும் சரி என்றேன். எதற்கு வம்பு.

பிப்ரவரி 7, வெள்ளி

துப்புகிறாள். வாயில் வைத்தவுடனே முகத்தைச் சுளித்துக்கொண்டு நாக்கால் வெளியே தள்ளுகிறாள். காலையிலிருந்து கால்வாசிகூட உள்ளே போகவில்லை. ஏன்?

பிப்ரவரி 8, சனி

அந்தப் பாட்டிலின் ரப்பர் காம்பு கெட்டியோ என்னவோ என்று நவநீதன் அகல வாய் பாட்டில் வாங்கி வந்தார். நானே அவசரமாகக் கொதிக்க வைத்துக் கொடுத்தேன், கடகடவென்று குடித்தாள். அப்பாடா என்று இருந்தது. சாயங்காலம் அதே பாட்டில், அதே பால். துப்பிவிட்டாள்.

பிப்ரவரி 9, ஞாயிறு

இன்றைக்குக் கண்ணாடி பாட்டில். அதே கதை. முதல் தடவை தேவாமிர்தம், அடுத்த தடவை வேப்பெண்ணெய். பிறந்து மாதம் முடியவில்லை, அதற்குள் தினம் ஒரு புது பாட்டில் கேட்கிற மகாராணி! சிரிப்பாக எழுதுகிறேனே தவிர, சிரிப்பு வரவில்லை. தொடைச் சதை தளர்ந்து தொங்குகிறது. அழுகிற சத்தமும் சின்னதாகிவிட்டது.

பிப்ரவரி 10, திங்கள்

ஆஸ்பத்திரி. எடை இறங்கியிருக்கிறது. டாக்டரம்மா திட்டவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "வியாழக்கிழமை வாங்க. ஏறலன்னா அட்மிட் பண்ணிக்கிறேன். மூக்கு வழியா டியூப் வெச்சுதான் பால் குடுக்கணும்."

கலைமதி சிஸ்டர் பாப்பாவை வாங்கி மடியில் சாய்த்து, மூக்கு வைத்த குட்டிப் பாலாடைக் கிண்ணத்தில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டார். எல்லாம் குடித்துவிட்டாள்! ஒரு சொட்டு வெளியே வரவில்லை. "புள்ள நல்லாதான குடிக்குது. பாட்டில் வேணாம்மா, பாலாடையே போதும்" என்றார்.

வீட்டுக்கு வந்து, நவநீதன் கழுவிக் கொடுத்த எங்கள் பாலாடையில் கொடுத்தேன். துப்பிவிட்டாள்.

சிஸ்டர் கையில் குடிக்கிறவள் என் கையில் ஏன் குடிக்க மாட்டேன் என்கிறாள்? குறை பாலில் இல்லை, பாட்டிலில் இல்லை. அப்போ என்கிட்டயா? நான் தொட்டா புள்ளைக்குப் புடிக்கலயா? ஒண்ணத்தான் வயித்துலயே வெச்சு காப்பாத்தத் தெரியல, இத மடியில வெச்சுக்கிட்டும் காப்பாத்தத் தெரியலயா எனக்கு?

பிப்ரவரி 11, செவ்வாய்

இன்றைக்கு நடந்ததை எழுதியே ஆக வேண்டும்.

காலையில் ஸ்டீல் பாட்டில் வந்தது. முதல் தடவை குடித்தாள். நான் சந்தோஷப்படவில்லை, எனக்குத்தான் தெரியுமே. மதியம் நவநீதன் கொதிக்க வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். வாயில் வைத்தேன். சுளித்தாள், தள்ளினாள், சத்தமே இல்லாமல் அழுதாள்.

எங்கிருந்து அப்படி ஒரு கோபம் வந்ததோ! "அப்படி என்னடி இருக்குது இதுல?" என்று அந்த ரப்பரை என் வாயில் வைத்து ஒரு இழுப்பு இழுத்தேன்.

சீ! கசப்பு என்றால் கசப்பு, நாக்கே மரத்துப் போகிற கசப்பு. கூடவே ஒரு காரம். இவ்வளவு நாளும் லேசாக ஒரு வாடை வந்தது, புது ரப்பர் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ரப்பரைக் கழற்றி உள்பக்கம் திருப்பினேன். மடிப்பில் கறுப்பாக ஒரு தீற்றல்.

வசம்பு. சுட்டு உரைத்த வசம்பு.

"ஏங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் பாப்பா அழுகையை நிறுத்திவிட்டாள்.

அவர் வாசற்படியிலேயே நின்றார். ரப்பரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "புள்ளைக்குத்தான வெக்கக் கூடாதுன்னாங்க? பாட்டிலுக்கு வெக்கக் கூடாதுன்னு சொல்லலயே..."

பாட்டிலுக்குத் திருஷ்டிப் பொட்டு வைத்திருக்கிறார்! அன்றைக்குப் பாஞ்சாலி அக்கா போனதிலிருந்து, ஒவ்வொரு தடவையும் கொதிக்க வைத்து ஆறின பிறகு, வெளியே தெரியாமல் இருக்க உள்பக்கமாக ஒரு பொட்டு. பிளாஸ்டிக், கண்ணாடி, ஸ்டீல், ஒன்றையும் விடவில்லை. பாலாடையின் மூக்கில்கூட வைத்திருக்கிறார்! வாங்கி வந்தவுடன் நானே அவசரப்பட்டுக் கொடுத்தது மட்டும்தான் தப்பித்திருக்கிறது.

"உங்களுக்கு அறிவிருக்கா? புள்ள எளச்சிக்கினே போவுது, கண்ணால பாக்கறீங்க இல்ல?"

"எளைக்க எளைக்கத்தான் எனக்கு பயம் ஜாஸ்தியாச்சு ராணி. கண்ணுதான் பட்டுடுச்சுன்னு இன்னும் கொஞ்சம் சேத்து வெச்சேன்." அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். "ஒண்ணக் குடுத்துட்டோம். இதையும் குடுக்க முடியாது என்னால." முகத்தை மூடிக்கொண்டு அழுதார். கல்யாணமான ஆறு வருஷத்தில் இவர் அழுது நான் பார்த்ததில்லை. போன தடவை பிள்ளை போனபோதுகூட அழவில்லை. எல்லாவற்றையும் இவர்தான் முன்னால் நின்று பார்த்தார், நான்தான் அழுதேன்.

அடிக்கலாம் போலத்தான் இருந்தது. அதற்குள் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்க முடியாத சிரிப்பு, தையல் போட்ட இடம் வலிக்க வலிக்க. என் கை இல்லை. குறை என் கையில் இல்லை! அதை நினைத்து அப்புறம் நானும் அழுதேன். பாப்பா மட்டும்தான் அப்போது அழவில்லை.

வசம்பு பட்ட ரப்பர் அத்தனையும் குப்பைக்குப் போனது. டாக்டரம்மாவுக்கு உடனே போன் போட்டேன். போனை ஸ்பீக்கரில் போட்டு ரெண்டு பேரும் வாங்கிக் கட்டிக்கொண்டோம். வாந்தி, அசதி, மூச்சுத் திணறல் ஏதாவது இருக்கிறதா என்று துருவித் துருவிக் கேட்டார். ஒன்றும் இல்லை. "அது துப்புனதாலதான் தப்பிச்சுது" என்றார். என் மகளுக்கு எங்கள் ரெண்டு பேரையும்விடப் புத்தி இருக்கிறது.

பிப்ரவரி 12, புதன்

சோப்புப் போட்டுத் தேய்த்து, நான் பக்கத்தில் நின்று பார்க்கக் கொதிக்க வைத்த பாலாடை. குடித்தாள். மறுபடியும் குடித்தாள். மறுபடியும். பெருமூச்சு விட்டு விட்டே எனக்கு நெஞ்சு லேசாகிவிட்டது.

பிப்ரவரி 13, வியாழன்

ஏறியிருக்கிறது! கொஞ்சம்தான், ஆனால் ஏறியிருக்கிறது. அட்மிஷன் வேண்டாம், டியூப் வேண்டாம். கலைமதி சிஸ்டர் நவநீதனைப் பார்த்து, "வசம்பு சார், வாங்க" என்றார். ஆஸ்பத்திரி முழுக்கத் தெரிந்துவிட்டது போலிருக்கிறது. மனுஷன் தலையைத் தூக்கவில்லை.

பிப்ரவரி 17, திங்கள்

எந்தப் பாட்டில் என்கிற பேச்சும் முடிந்தது. பகலில் பாலாடை. கை ஒழியாதபோது, அந்த முதல் நாள் சாதாரண பாட்டில், ரப்பர் மட்டும் புதுசு. குழாய், கைப்பிடி, எந்த மாடலும் வேண்டாம்.

நேற்று பூராவும் அவரோடு பேசாமல் இருந்து பார்த்தேன். கஷ்டமாக இருந்தது, விட்டுவிட்டேன்.

மார்ச் 5, புதன்

தடுப்பூசி. போட்டபோது ஊரே கேட்கிற மாதிரி கத்தினாள். என்ன தெம்பு! எடை மூன்று கிலோவைத் தாண்டிவிட்டது.

திரும்பும்போது டவுன் பஸ்ஸில் நல்ல கூட்டம். உட்கார இடம் கிடைத்தது, ஆனால் ஏறின கொஞ்ச நேரத்திலேயே பாப்பாவுக்குப் பசி. நான் நவநீதனைப் பார்த்தேன். பையிலிருந்து பாட்டிலை எடுத்து, பாப்பாவை என்னிடமிருந்து வாங்கி, அத்தனை பேர் முன்னாலும் அவரே வாயில் வைத்தார்.

எதிரே நின்றிருந்த யாரோ ஒரு அம்மா குனிந்து பார்த்து, "நல்லா குடிக்குதே! எத்தன கிலோங்க?" என்றார்.

எனக்குத் திக்கென்றது. இவர் என்ன சொல்லப் போகிறாரோ.

"மூணு கிலோவுக்கு மேலங்க" என்றார் நவநீதன், பஸ் சத்தத்தையும் மீறி. "பாருங்க, முழு பாட்டிலும் காலி பண்ணிடும்."