தேங்காய் மட்டைப் புகை

மார்ச் 3
விடிந்ததிலிருந்து மழை. பள்ளிக்கூடத்தில் முகாம் போட்டிருக்கும் துப்பாக்கிக்காரர்கள் மூவரும் வந்தார்கள். அவர்களுடைய படகை ஓட்ட மறுத்து லெய்னர் அண்ணன் ஓடிவிட்டான். பிடித்தால் கொன்றுவிடுவார்கள்.

"உன் மவன் எங்கடி?"

"பசிபிக் கடல்தான் அவனை வளத்துச்சு. அதப் போய்க் கேளு" என்றாள் அம்மா.

துப்பாக்கிக் கட்டையால் வாயில் இடித்தான் ஒருவன். இரண்டு பல் தரையில். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். பள்ளிக்கூடத்தைப் பிடித்துக்கொண்டு என் படிப்பை நிறுத்தியபோதும் இப்படித்தான் நின்றேன்.

மார்ச் 4
கடல் வற்றியதும் சிப்பி பொறுக்கப் போவதுபோல் அலையாத்திக் காட்டுக்குள் போய், அண்ணனுக்கு அவித்த வாழைக்காய் கொடுத்தேன்.

"வாடி ஊமைச்சி! நண்டுகூட உன்னவிட அதிகமாப் பேசுது."

அவன் முகமெல்லாம் கொசு கடித்து வீங்கியிருந்தது. சிப்பிக்காரிகள் எல்லோரும் கொசுவுக்குக் கொண்டுபோகிற புகைதானே — என் தேங்காய் மட்டையை அவனருகில் புகையவிட்டு வந்தேன்.

மார்ச் 5
சுட்டார்கள். மரங்களுக்கு மேலே எழுந்த புகையைப் பார்த்துப் போயிருக்கிறார்கள். அண்ணன் நீந்தித் தப்பினான். ஒரு காது இல்லை. உபெர்தீனா அத்தை தன் தோணியில் பாய்க்கடியில் மறைத்திருக்கிறாள்.

"கொடி கட்டி வச்சுட்டு வந்திருக்கியேடி" என்றாள், ரத்தத் துணியை அலசிக்கொண்டே.

நான்தானே? நான்தான்.

மார்ச் 6
பௌர்ணமி. கடல் பெரிதாக ஏறும் நாள். வற்றிக் கிடந்தபோதே வடக்கு ஓடையைத் தாண்டிப் போனேன். வேர் மேலேயே நடக்க வேண்டும். கால் தவறினால் இடுப்புவரை சேறு. கடைசி மரத்தில் மூன்று மட்டைகளைப் பற்றவைத்துத் தொங்கவிட்டேன்.

திரும்பும்போது கரையில் அவர்கள்.

"ஏய், அங்க பொகை போடுறது யாரு? உங்கண்ணனா?"

தலை குனிந்தேன். எப்போதும் குனிவதுதான்.

"ஆமாங்குது பாரு கழுதை!"

சிரித்துக்கொண்டே மூவரும் சேற்றில் இறங்கினார்கள். மலைக்காரர்கள். போன கடல் எவ்வளவு வேகமாகத் திரும்பும் என்று அவர்களுக்கு யார் சொல்லியிருப்பார்கள்? நானும் சொல்லவில்லை.

அன்றே, சாயங்காலம்
வடக்கு ஓடைப் பக்கம் துப்பாக்கிச் சத்தம். பிறகு ஒருவன் "அம்மா, அம்மா" என்றான். பிறகு தண்ணீர் மட்டும்.

மார்ச் 8
ஓர் உடல் ஒதுங்கியது. நண்டு கண்ணைத் தின்றிருந்தது.

"கடல் கொண்டாந்தவன் எவனா இருந்தாலும் பாடித்தான் அனுப்பணும்" என்றாள் அத்தை. பெண்கள் சுற்றி உட்கார்ந்து பாடினார்கள். அம்மாவும் பாடினாள், பல் போன வாயால்.

நான் வாயைத் திறக்கவில்லை.

மார்ச் 20
அண்ணன் வாசலில் படகுக்குத் தார் பூசுகிறான். பள்ளிக்கூடம் திறக்குமாம்.

சிப்பிக்குப் போனேன். மட்டை கொண்டுபோகவில்லை. கை, கழுத்து, முகமெல்லாம் கொசு.

கடிக்கட்டும்.