நம் டிராக்டருக்குக் கை முளைத்த செய்தி

என் அருமை அக்காவுக்கு,

திருப்பருத்திக்குன்றத்தின் வரலாற்றை இனி எழுதப்போகிறவர்கள் தவறவிடக் கூடாத ஒரு முடிவு, சென்ற மாதம் உன் வீட்டு வாசலில் எடுக்கப்பட்டது. மூன்று அமர்வுகள் நடந்தன. முதல் அமர்வில் காபி, இரண்டாவதில் மோர், மூன்றாவதில் கருத்து வேறுபாடு. இறுதியில் ஒருமனதாக, அதாவது மாமாவின் மனதாக, உன் டிராக்டரின் முன் பம்பரைக் கழற்றுவது என்று தீர்மானமாயிற்று. நான்கு போல்ட்டுகள் மறுப்பின்றிக் கழன்றன. ஐந்தாவது துருப்பிடித்திருந்தது. அது ஒன்றுதான் கடைசிவரை உன் கட்சியில் நின்றது.

பம்பரைக் கழற்றிய இடத்தில் என்ன வந்திருக்கிறது என்று நீ கேட்பாய். பதறாமல் கேள். லோடர் வந்திருக்கிறது. முன்னால் இரண்டு இரும்புக் கைகள். அவற்றின் நுனியில், எருவை அள்ளித் தூக்கி டிரெய்லரில் கொட்டுகிற ஓர் அகலமான பக்கெட்.

"நான் இருக்கிற வரைக்கும் என் வண்டிக்குக் கை முளைக்காது" என்று நீ சொல்லியிருந்தாய். உன் சொல்லை யாரும் மீறவில்லை என்பதை முதலிலேயே பதிவு செய்துவிடுகிறேன். நீ போய் ஒன்பது மாதம் ஆகிறது.

உன் மறுப்புக்கு இரண்டு காரணங்கள் சொல்வாய். முதலாவது இயந்திரம் பற்றியது. "டேய், இது சின்ன வண்டி, பழைய வண்டி. முன் அச்சு அவ்ளோதான் தாங்கும். முன்னாடி பாரத்த தூக்குனா பின் சக்கரம் தரைய விட்டுடும்." இரண்டாவது அறம் பற்றியது. "அந்தக் கரண்டிக்குக் கண்ணு இல்லடா."

எருக்குழியில் கை வைப்பதற்கு முன் நீ மூங்கில் கழியால் மூன்று முறை தட்டிவிட்டு ஒதுங்கி நிற்பாய். உள்ளே குடியிருக்கும் தேரை, தேள், பாம்பு எல்லாம் காலிசெய்து போவதற்கான அறிவிப்பு அது. எறும்புக்கும் வழிவிடுகிற சமண வீடுதான் நம்முடையது. ஆனால் நீ கொடுத்த அவகாசம் நீதிமன்றத்தில்கூடக் கிடைக்காது. ஒரு தடவை ஒரு தேரைக்காக நாம் கால் மணி நேரம் வெயிலில் நின்றோம். அது வெளியே வந்து, நம்மைப் பார்த்துவிட்டு, மறுபடி உள்ளே போயிற்று. நீ மறுபடி தட்டினாய்.

பிறகு ஏன் லோடர் என்று கேட்காதே. உனக்கே தெரியும். இருபது ஆண்டுகளாக அந்த எருவை வாரியது இரண்டு பேர். நீ கூடையை நிரப்புவாய், மாமா தூக்குவார். மாமா நிரப்புவார், நீ தூக்குவாய். இந்த மாசியில் அவர் தனியாகவே நிரப்பி, தனியாகவே தூக்கினார். நாற்பதாவது கூடையிலோ என்னவோ முதுகு பிடித்துக்கொண்டது. காஞ்சிபுரத்தில் டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, இனிமேல் தண்ணீர்க் குடத்துக்கு மேல் எதையும் தூக்கக் கூடாது என்றார்.

செய்தி கேட்டதும் உன் மகள் சுதா சென்னையிலிருந்து வந்துவிட்டாள். அவள் பேச்சில் உன் ஜாடை வந்துவிட்டது, முகவுரை இல்லை. "வாலாஜாபாத்துலேர்ந்து ஒருத்தர் நிலத்தைக் குத்தகைக்குக் கேக்குறாரு. குடுத்துட்டு என்கூட வந்துடுப்பா. இல்லயா, ஆடிக்குள்ள எரு நெலத்துக்குப் போவணும், நீ ஒரு கூடகூடத் தூக்கக் கூடாது. ரெண்டுல ஒண்ணு."

சுதாவின் வீடு நான்காவது மாடி. பால்கனியில் ஒரு தொட்டி இருக்கிறது. அதில் கறிவேப்பிலை இருக்கிறது. மாமா அதற்கு ஒரு நாளைக்கு எத்தனை தடவை தண்ணீர் ஊற்றுவார், சொல்.

என் பங்குக்கு நானும் ஆராய்ச்சியில் இறங்கினேன். முப்பத்தைந்து ஆண்டு நூலகராக இருந்தவன் வேறு என்ன செய்வான்? எங்கள் கிளை நூலகத்தில் டிராக்டர் பற்றித் தமிழில் ஒரே ஒரு புத்தகம் இருந்தது. அதைக் கடைசியாக எடுத்துப்போனவள் நீ. தம்பிதானே என்று கையெழுத்துக்கூடப் போடாமல் எடுத்துப்போனாய், இன்றுவரை திரும்பவில்லை. ஓய்வு பெற்றுவிட்டதால் கேட்கிற உரிமையும் எனக்கு இல்லாமல் போயிற்று. ஆகவே ஆராய்ச்சி அத்துடன் முடிந்தது. மாமா வாலாஜாபாத்துக்குப் போய் வெல்டர் பஷீர் பாயை அழைத்து வந்தார்.

பாய் உன் டிராக்டரை இரண்டு முறை சுற்றி வந்தார். பானெட்டைத் தட்டினார். என்ஜின் சத்தத்தைக் கண்ணை மூடிக் கேட்டார். நீ மாதாமாதம் கிரீஸ் வைத்த இடங்களையெல்லாம் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "அக்கா கை" என்றார். உனக்கு இந்த ஊரில் கிடைத்த பாராட்டுகளில் இதைவிடப் பெரியது இருக்காது என்று நினைக்கிறேன்.

"வண்டி ஒடம்புல நெருப்பு வைக்க மாட்டேன், நைனாரே. எல்லாம் போல்ட்டுதான். பாரம் முன் அச்சுல குந்தக் கூடாது. ஃபிரேம பின் அச்சு வரைக்கும் இழுத்துக்கினு போறேன்" என்று மாமாவிடம் சொன்னார். சொன்னபடி செய்தார். பன்னிரண்டு நாள். தனியாக ஒரு ஆயில் பம்ப், புது முன் டயர்கள், உன் பெயிண்டுக்குப் பொருத்தமான நீலம். அந்த வேலையைப் பார்த்திருந்தால் நீ குறை சொல்ல இடம் தேடியிருப்பாய். வெகு நேரம் தேடியிருப்பாய்.

இனி நடந்ததைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் தயக்கம்தான். சனிக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்தது. சுதாவும் வந்திருந்தாள். பாய் கையைத் துடைத்துக்கொண்டே, "இன்னிக்கு வேணாம். பின்னாடி வெயிட் கட்டாம பாரம் தூக்கக் கூடாது. நாளைக்கு மணல் மூட்ட எடுத்துக்கினு வர்றேன்" என்றார்.

மாமா வானத்தைப் பார்த்தார். சூரியன் பனைமர உச்சிக்கு மேல் இன்னும் ஒரு முழம் இருந்தது. மற்ற ஊர்களில் மனிதர்கள் ஆசையால் அவசரப்படுவார்கள், கோபத்தால் அவசரப்படுவார்கள். நம் வீட்டில் அவசரத்துக்கு ஒரே காரணம், இருட்டுவதற்குள் சாப்பிட்டாக வேண்டும் என்பது. ஒரு நடை அள்ளிக் கொட்டி, கை கால் கழுவி, இலையில் உட்கார நேரம் சரியாக இருக்கும் என்று மாமா முடிவுகட்டிவிட்டார்.

"ஒரே ஒரு வாட்டி, பாய். பொழுது இருக்குது."

"அப்பா, அவரு வேணாங்கிறாரு இல்ல?" என்றாள் சுதா.

"நீ போயி எலய போடும்மா."

அள்ளினார். தூக்கினார். பக்கெட் நெஞ்சுயரம் வந்தபோது, அக்கா, உன் டிராக்டரின் வலது பின் சக்கரம் மெதுவாக, யாருக்கும் தொந்தரவு தராமல், தரையை விட்டு எழுந்தது. ஒரு சாண். பிறகு இன்னும் ஒரு சாண். வண்டி இடது பக்கம் சாய்ந்தது. மாமா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உறைந்துபோயிருந்தார்.

"எறக்கு! எறக்குய்யா!" என்று பாய் கத்தினார். 'நைனாரே' என்ற மரியாதை விடுபட்டுப்போனது.

பக்கெட் தொப்பென்று இறங்கியது. சக்கரம் அதைவிடச் சத்தமாக இறங்கியது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மாமா கீழே இறங்கி மட்கார்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். சுதா அழவில்லை. "போதும்பா. நாளைக்கே குத்தகைக்காரருக்குச் சொல்லிடுறேன்" என்றாள்.

சூரியன் அப்போதும் மிச்சமிருந்தது. எல்லோரும் சாப்பிட்டோம். அவரைக்காய்க் கூட்டு. பாயும் உட்கார்ந்தார். உப்பு போதுமா என்றுகூட யாரும் கேட்கவில்லை.

மறுநாள் காலை பாய் மணல் மூட்டைகளோடு வந்தார். சுதா பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தாள். மூட்டைகளைக் கட்டக் கயிறு தேடி பாய் மாட்டுக் கொட்டகைக்குள் போனார். உடனே உள்ளேயிருந்து ஒரு அலறல்.

உனக்குத் தெரியும் எதில் இடித்துக்கொண்டிருப்பார் என்று. பாதியாக வெட்டிய டிரம்முக்குள் சிமெண்ட் ஊற்றிச் செய்த உன் மாடு கட்டும் கல். மேலே ஒரு வளையம்; கீழே இரண்டு பக்கமும் துருத்திக்கொண்டிருக்கும் ஒரு இரும்பு ராடு. ஒன்றரை ஆண்டாக அதில் முழங்கால் இடித்துக்கொள்ளாத உறவினர் நமக்கு இல்லை. நானே உன்னிடம் இரண்டு முறை முறையிட்டிருக்கிறேன். "பாத்து நட" என்பதோடு உன் விசாரணை முடிந்துவிடும்.

பாய் காலைத் தடவியபடி குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். ராடின் முனையில் விரலை வைத்தார். பிறகு வேறு குரலில், "நைனாரே, மாடு கட்டுற கல்லுக்கு எதுக்கு ஓட்ட?" என்றார்.

இரண்டு முனைகளிலும் சுத்தமாகத் துளையிட்ட ஓட்டை. இத்தனை நாள் நாங்கள் அதைப் பார்த்திருக்கிறோம், யாரும் கேட்டதில்லை. பாய் சட்டைப் பையிலிருந்து, டிராக்டரில் கலப்பை கழன்றுவிடாமல் மாட்டும் ஒரு இரும்புப் பின்னை எடுத்து ஓட்டையில் விட்டார். சரியாக உட்கார்ந்தது. அளவு டேப்பை எடுத்தார். கல்லை அளந்தார், வெளியே போய், டிராக்டரின் பின்னால் கலப்பை மாட்டுகிற இரண்டு கைகளுக்கு நடுவே அளந்தார், திரும்பி வந்து கல்லை மறுபடி அளந்தார். மேலே மாட்டுக் கயிறு கிடந்த வளையத்தையும் அளந்தார். கலப்பையின் மேல் கம்பி வந்து சேரும் உயரம் அது.

"இது மாடு கட்டுற கல்லு இல்ல" என்றார்.

மாட்டை அவிழ்த்தோம். கல்லை உருட்டி வெளியே கொண்டுவந்தோம், மாமாவைத் தொடவிடவில்லை. மாமா வண்டியைப் பின்னால் எடுத்தார். கலப்பை மாட்டும் கைகள் இரண்டும் ராடின் இரு முனைகளிலும் போய் உட்கார்ந்தன. சுத்தியலே தேவைப்படவில்லை, மணல் மூட்டைகளும்தான்.

முசரவாக்கம் முருகேசன்தான் அந்தக் கல்லை ஊற்றிய கொத்தனார். மாமா போன் செய்ததும், ஏதோ விரிசல் விட்டுவிட்டது என்று பயந்து வந்தார்.

"எனக்கு இன்னா தெரியும், அண்ணே? மாடு கட்ட ஒரு கல்லு ஊத்துன்னாங்க. ராடு அவங்களே குடுத்தாங்க, ஓட்ட போட்டு. ஒரு செவப்புப் பட்டு நூலுல அளவெடுத்து, முடிச்சு போட்டு வச்சிருந்தாங்க. ஒரு வெரல் தள்ளி வச்சிட்டேன்னு ஒடச்சி மறுபடி ஊத்தச் சொன்னாங்க. மாட்டுக்கு இன்னாத்துக்குக்கா அளவுன்னு கேட்டேன். எம் மாடு அளவு பாக்கும், நீ ஊத்துன்னாங்க."

"எப்ப ஊத்துன?" என்று சுதா கேட்டாள்.

"போன வருசம் பொங்கல் கழிஞ்சி. நீங்க அக்காவ மெட்ராசுல ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கினு போய்ட்டு வந்தீங்களே, அந்த வாரந்தான்."

அந்த வாரம் எனக்கும் ஞாபகம் இருக்கிறது, நானும்தான் கூட வந்திருந்தேன். ரிப்போர்ட்டை நீயே வாங்கிப் பையில் வைத்துக்கொண்டாய். என்னக்கா சொன்னார் டாக்டர் என்று கேட்டேன். "கேஸ் டிரபுள்டா. ராத்திரி சீக்கிரம் சாப்டணுமாம். நம்ம வேற எப்ப சாப்புடுறோம்?" என்றாய். நாங்கள் சிரித்தோம். பிறகு எட்டு மாதம் இருந்தாய்.

மாமா குனிந்து, ஏற்கெனவே சரியாக இருந்த பின்னைக் கழற்றி, மறுபடி மாட்டினார்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். எப்போது இதைத் திட்டமிட்டாய்? மெட்ராசிலிருந்து வந்த பஸ்ஸிலா? ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, ஒரு வார்த்தை பேசாமல் வந்தாயே, அப்போதா? லோடர் வேண்டாம் என்று அதற்குப் பிறகும் எத்தனை தடவை சண்டை போட்டிருக்கிறாய். எங்களிடம் சொல்லியிருக்கக் கூடாதா? சொல்லியிருந்தால் அன்றைக்கே உன் கையிலிருந்து கூடையைப் பிடுங்கியிருப்போம் என்று நினைத்தாயா?

மறுபடி சோதனை நடந்தது. காலை நேரம், சாப்பாட்டுக்கு அவசரம் இல்லை. பக்கெட்டை எருவின் அருகே கொண்டுபோய் நிறுத்திவிட்டு மாமா என்ஜினை அணைத்தார். கொட்டகைக் கூரையில் செருகியிருந்த உன் மூங்கில் கழியை எடுத்துவந்து மூன்று முறை தட்டினார். ஒதுங்கி நின்றார். பாயும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். வேகத்துக்காகச் செய்த இயந்திரத்தின் முன்னால் ஆறு பேர் ஒரு தேரைக்காகக் காத்திருந்தோம். முருகேசனையும் மாட்டையும் சேர்த்துச் சொல்கிறேன். அது வந்தது. இந்தத் தடவை திரும்பிப் போகவில்லை.

பிறகு அள்ளினார், தூக்கினார். நெஞ்சுயரம், தலையுயரம், டிரெய்லரின் விளிம்புயரம். நாங்கள் யாரும் பக்கெட்டைப் பார்க்கவில்லை. எல்லோரும் பின் சக்கரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். அது நின்ற இடத்தில் நின்றது.

"இன்னொரு வாட்டி தூக்குப்பா" என்றாள் சுதா. ஐந்து தடவை அப்படிச் சொன்னாள். டிரெய்லர் நிறைந்ததும் தள்ளிப்போய் போனில் யாரிடமோ, "இல்லைங்க சார், இப்ப குடுக்கிற மாதிரி இல்ல" என்று பேசினாள். மத்தியானம் பஸ் ஏறும்போது மாமாவிடம் சொன்னது இவ்வளவுதான்: "வெயிட்டு இல்லாம தொடாத. பொழுதோட சாப்புடு."

உனக்கு நான் தரும் வாக்கு இது. அந்தக் கல் இல்லாமல் அந்தக் கைகள் எழும்பாது. சனிக்கிழமைதோறும் டவுனிலிருந்து வந்து நானே பார்த்துக்கொள்வேன். கழி சீட்டுக்குப் பக்கத்தில் கட்டியிருக்கிறது. தட்டாமல் அள்ள விடமாட்டேன். நீ எடுத்துப்போன டிராக்டர் புத்தகத்தை நான் தேடப்போவதில்லை. அது போக வேண்டிய இடத்துக்குத்தான் போயிருக்கிறது.

எரு முழுவதும் ஆனி முடிவதற்குள் நிலத்துக்குப் போய்விட்டது. மாட்டை இப்போது வேப்பமரத்தில் கட்டுகிறோம்.

உன் பின்னால் பிறந்து, இன்றும் உன் பின்னாலேயே வருகிற தம்பி,
தனபாலன்